பெய்ராக்காரர் கேட்ட கேள்வி

மூன்று வாரமாக ஒரு விஷயம் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. எழுதிவிட்டால் கொஞ்சம் அடங்குமா என்று பார்க்கிறேன்.

நான் நெதர்லாந்தில் நீர் மேலாண்மை படிக்கிறேன். கடல் மட்டத்துக்குக் கீழே குடியிருந்துகொண்டு கடலையே அதட்டுகிற ஊர் இது. எங்கள் பாடத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பெய்ரா வந்துவிடும். மொசாம்பிக் நாட்டின் துறைமுக நகரம். புங்வே ஆறு இந்தியப் பெருங்கடலில் சேரும் இடம். ஐந்து லட்சத்துக்கும் மேல் ஜனங்கள். சதுப்பு நிலத்தில் எழுந்த ஊர் என்பதால் ஓதம் ஏறும்போது பல தெருக்கள் கடலைவிடத் தாழ்வாகிவிடும். 2019 மார்ச் 14 இரவு இடாய் புயல் நேராக இந்த ஊர் மேல்தான் ஏறியது. மொசாம்பிக், ஜிம்பாப்வே, மலாவி மூன்றிலும் சேர்த்து ஆயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். ஊர் எழுந்து உட்காருவதற்குள் 2021 ஜனவரியில் எலோயிஸ் என்று இன்னொரு புயல்.

அன்றைக்கு வகுப்பில் திரையில் பெய்ராவின் வெள்ள வரைபடம். வெளிர்நீலம், நீலம், கருநீலம். எங்கே கரை கட்டலாம், எங்கே தண்ணீரை விட்டுவிடலாம் என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்தோம். எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி ஒரு பெய்ராக்காரர் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும், ஊரில் வடிகால் வேலை பார்த்துவிட்டுப் படிக்க வந்தவர். வாயே திறக்கவில்லை. இடைவேளையில் காபி மெஷின் பக்கத்தில் வைத்து, "அந்தக் கருநீலத்துக்குள்ளதான் எங்க அம்மா வீடு இருக்கு" என்றார்.

என்ன சொல்வது என்று தெரியாமல் நான் உளறினேன். என் ஆய்வும் பெய்ராதான், செயற்கைக்கோள் படம் வைத்து வெள்ள மாதிரி செய்யப்போகிறேன் என்று பெருமையாக வேறு சொன்னேன். (நினைத்தால் இப்பவும் காது சூடாகிறது.) அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "எங்க ஊர்ல எத்தனை நாள் இருப்ப?"

"ரெண்டு வாரம்... பணம் கிடைச்சா."

சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. புயலுக்குப் பிறகு தனக்கு வந்த கடிதங்களைப் பற்றிச் சொன்னார். எல்லா மாணவர்களும் அதே மழைக் கணக்கு, அதே வடிகால் வரைபடம் கேட்பார்களாம். இவரும் அனுப்புவார். ஒரு வருஷம் கழித்து ஒருத்தரோ இரண்டு பேரோ முடித்த ஆய்வை அனுப்பி வைப்பார்கள், ஆங்கிலத்தில். அலுவலகத்தில் வேலை நடப்பதெல்லாம் போர்த்துகீசிய மொழியில்.

இதைக் கேட்டுவிட்டு வெளிநாட்டுக் கூட்டுறவே மோசடி என்று நான் கிளம்பவில்லை. அவரே அப்படிச் சொல்லவில்லை. டச்சுக்காரர்கள் துணையோடு இடாய்க்கு முன்பே பெய்ராவுக்கு 2035 வரை ஒரு பெருந்திட்டம் போட்டிருந்தார்கள். ஜெர்மனியும் உலக வங்கியும் கொடுத்த பணத்தில் ஊருக்குள் ஓடும் சிவேவே ஆற்றைத் தூர்வாரினார்கள். "அதனால தண்ணி வடிஞ்சது, அதை நான் கண்ணால பாத்தேன்" என்றார். அவருடைய குறை பல்கலைக்கழகங்கள் மேல்தான். பெய்ராவிலேயே சாம்பேசி பல்கலைக்கழகம் இருக்கிறது. எங்கள் வரைபடத்தில் அது இருந்த இடமும் வெறும் நீலம்.

அன்றைக்கு ராத்திரி தேட ஆரம்பித்தேன். வேறு மாதிரி யாராவது செய்திருக்கிறார்களா? கிடைத்தது ஃப்ராக்டல் என்ற திட்டம். கேப்டவுன் பல்கலைக்கழகம் தலைமை, பிரிட்டன் அரசின் பணம், 2015 முதல் 2021 வரை. தென்பகுதி ஆப்பிரிக்காவின் ஒன்பது நகரங்கள். அவற்றில் மபூட்டோ, டர்பன், கேப்டவுன் மூன்றும் கடலோரம். என்னைக் கட்டிப்போட்டது அதில் ஒரு ஏற்பாடு. மபூட்டோ, லுசாக்கா போன்ற ஊர்களில் ஒரு ஆராய்ச்சியாளரை நகராட்சி அலுவலகத்திலேயே உட்கார வைத்தார்கள். பாதி நேரம் நகராட்சி, பாதி நேரம் உள்ளூர்ப் பல்கலைக்கழகம். கூட்டம் போட்டால் எடுத்த எடுப்பில் வெப்பநிலை வரைபடத்தைக் காட்டுவது கிடையாது. "உங்க ஊருக்கு இப்ப எது எரியுது?" என்பதுதான் முதல் கேள்வி. தண்ணீரா, குப்பையா, குடிசைப்பகுதியா என்று ஊர்க்காரர்கள் சொன்ன பிறகுதான் பருவநிலை உள்ளே வரும். அதுவும் சதவீதக் கணக்காக இல்லை. இன்னும் சில பத்தாண்டுகளில் இந்த ஊர் இப்படியும் ஆகலாம், அப்படியும் ஆகலாம் என்று சின்னச் சின்னக் கதைகளாக.

படித்ததும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. மறுநாள் ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். "2021-க்கு அப்புறம் அந்த நாற்காலில யார் உக்காந்திருக்காங்க?" என்று கேட்டார். சரியான ஆள்! அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அதே 2021 மார்ச்சில் பிரிட்டன் தன் வெளிநாட்டு உதவியைக் குறைத்தபோது அந்நாட்டு ஆராய்ச்சி நிதி அமைப்புக்கு 12 கோடி பவுண்டு துண்டு விழுந்தது என்பது தெரியும். பாதி வேலையில் இருந்த எத்தனையோ கூட்டுத் திட்டங்களில் கை வைத்தார்கள். வெள்ளம் பாட்டுக்கு வருஷா வருஷம் வரும். பணம் மட்டும் மூன்று வருஷம், ஐந்து வருஷம் என்று தவணையில் வரும்.

அப்புறம் டர்பனைப் பற்றி அவர்தான் சொன்னார். அங்கே பால்மியட் ஆற்றங்கரையில் குவாரி ரோடு வெஸ்ட் என்று ஒரு குடிசைப்பகுதி. குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழக ஆட்கள் அங்கே பல வருஷமாகப் போய்வந்துகொண்டு இருக்கிறார்கள். குடியிருப்பவர்கள், நகராட்சி அதிகாரிகள், ஆராய்ச்சியாளர்கள் எல்லாரும் ஒரே வாட்ஸ்அப் குழுவில். ஆற்றில் தண்ணீர் ஏறினால் பார்த்தவர் எழுதுவார், கனமழை வருகிறது என்றால் நகராட்சிக்காரர் எழுதுவார். 2022 ஏப்ரல் மழையில் டர்பன் பகுதியில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். குவாரி ரோட்டில் வீடுகள் அடித்துக்கொண்டு போயின, ஆனால் முன்கூட்டியே எச்சரிக்கை போனதால் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

இந்த பால்மியட் போய்ச் சேருவது உம்கேனி ஆற்றில். 1917 அக்டோபரில் அந்த ஆறு பெருக்கெடுத்தபோது அதன் கரையில் தோட்டம் போட்டிருந்த இந்தியர்கள் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். மாரிமுத்து என்பவர் தலைமையில் ஆறு மீனவர்கள் படகை இறக்கித் திரும்பத் திரும்பப் போய் 176 பேரைக் காப்பாற்றினார்களாம். 1860-ல் சென்னையிலிருந்து கப்பல் ஏறிப் போனார்களே, அந்த வழி வந்த ஜனங்கள். நான் சொல்லி பெய்ராக்காரர் வாய் பிளந்த ஒரே விஷயம் இதுதான் :)

போன திங்கட்கிழமை பேராசிரியரைப் பார்த்து ஆய்வுத் தலைப்பை மாற்ற வேண்டும் என்றேன். வெள்ள மாதிரி அப்படியே இருக்கட்டும், ஆனால் எந்தெந்தத் தெருவுக்கு என்பதை சாம்பேசி பல்கலைக்கழக ஆள் ஒருவரோடு சேர்ந்து முடிவு செய்கிறேன், முடித்ததும் போர்த்துகீசியத்திலும் ஒரு சுருக்கம் கொடுக்கிறேன் என்றேன். "ஆறு மாசத்துல முடியாதே" என்றார். முடியாதுதான். உதவித்தொகை ஜூலையோடு நின்றுவிடும். இரண்டு மாதம் கூடுதலாக இருக்க வேண்டுமென்றால் வீட்டில் கேட்க வேண்டும், அப்பாவிடம் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

பெய்ராக்காரர் சனிக்கிழமைகளில் போர்த்துகீசியம் சொல்லித் தருகிறார். இருபது வரை எண்ணத் தெரியும். போன வாரம் 'வடிகால்' என்பதற்கு வார்த்தை கற்றுக்கொடுத்தார், நான் உச்சரித்ததைக் கேட்டுவிட்டு அவருடைய அம்மாவுக்கு போன் போட்டு, இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். அந்தப் பக்கம் அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தது இங்கே வரைக்கும் கேட்டது.