அழித்துவிட்டேன் என்று சொன்ன கடிதம்



என் படிப்பறையில் இருக்கும் கணினி பழையது. நான் ஊழியம் செய்த சபைகளுக்கெல்லாம் என்னோடு இடம் மாறி வந்தது. அதிலிருந்த விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-ஐ ஏற்கும் வசதியோ அந்தக் கணினிக்கு இல்லை. நம் வாலிபர் ஐக்கியத்தைச் சேர்ந்த தம்பி ஒருவர் புதிதாக 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தி, அதில் லினக்ஸ் மின்ட் என்னும் இயங்குதளத்தை நிறுவித் தந்தார். பல ஆண்டுகள் உழைத்த 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் மீந்தது. அது இன்னும் நல்ல நிலையில் இருந்தபடியால், பிளஸ் டூ படிக்கும் ஒரு பிள்ளையின் கணினிக்குக் கொடுக்கலாம் என்று தீர்மானித்தோம்.

“இதில் இருப்பதையெல்லாம் டெலிட் செய்துவிட்டுக் கொடுத்துவிடலாம், தம்பி” என்றேன்.

“டெலிட் செய்தால் அழியாதுங்க அய்யா. நீங்களே ஒருமுறை பாருங்க” என்று சொல்லி, டெஸ்ட்டிஸ்க் என்னும் மென்பொருளை இயக்கினார். எவரும் கட்டணமின்றிப் பெறக்கூடியது அது. சில நிமிடங்களில், நான் எப்போதோ நீக்கிய கோப்புகளின் பெயர்கள் திரையில் வரிசையாக வந்து நின்றன. கூட்ட அறிக்கைகள், பண்டிகை அழைப்பிதழ்கள், பாதியில் கைவிட்ட பிரசங்கங்கள். அவற்றின் நடுவே ஒரு பெயரைக் கண்டு நான் திடுக்கிட்டேன். ‘தங்கைக்கு’ என்று இருந்தது.

பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு சபையில், வயது சென்ற தாயார் ஒருவர் என்னிடம் வந்தார். அவரை எவரும் அடையாளம் காணாதபடி, கோப்பின் பெயர் உட்பட விவரங்களை மாற்றியே இங்கே எழுதுகிறேன். கண்பார்வை மங்கிவிட்டதால் அவரால் எழுத இயலவில்லை. நெடுங்காலமாகப் பேசாதிருந்த தம் தங்கையிடம் மன்னிப்புக் கேட்க விரும்பினார். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். பெற்ற பிள்ளைகளிடமும் அவர் சொல்லியிராத காரியங்கள் அதில் இருந்தன. அச்செடுத்து, உறையிலிட்டு, அவர் முன்பாகவே ஒட்டிக் கொடுத்தேன். வாசல்வரை சென்றவர் திரும்பி நின்று, “அந்தப் பெட்டிக்குள்ள இருக்கிறத அழிச்சிருங்கய்யா. பிள்ளைக கண்ணுல பட்டுறக் கூடாது” என்றார். உடனே டெலிட் செய்தேன். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தேன். “அழித்துவிட்டேன் அம்மா” என்றேன். அவர் நிம்மதியோடு போனார். இன்று அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்திருக்கிறார்.

பொய் சொல்ல வேண்டுமென்று நான் சொல்லவில்லை. ஆயினும் நான் சொன்னது உண்மையாய் இருக்கவில்லை.

“திறந்து பார்க்கணுமாய்யா?” என்று கேட்டார் தம்பி. “வேண்டாம். இதை மெய்யாகவே அழிக்க வேண்டும். எப்படி என்று சொல்” என்றேன். அவர் சொன்னதையும் நாங்கள் செய்ததையும் உங்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

கீர்த்தனைப் புத்தகத்தின் முன்பக்கத்திலுள்ள அட்டவணையைக் கிழித்தெறிந்தால் பாட்டுகள் மறைந்துவிடுமா? ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுகிறவனுக்கு எல்லாம் அங்கேயே இருக்கும். டெலிட் என்பது இவ்வளவே. ‘இந்த இடம் இனிக் காலி’ என்று கணினி குறித்துக்கொள்கிறது, எழுதியதைத் தொடுவதில்லை. அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை பழையது அங்கேதான் கிடக்கும். சில நொடிகளில் முடிகிற ‘குயிக் ஃபார்மட்’டும் புதிய அட்டவணை போடுவதேயன்றி வேறல்ல.

2003-இல் அமெரிக்காவில் சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் என்னும் இரு ஆய்வாளர்கள், பிறர் பயன்படுத்தி விற்ற 158 டிஸ்க்குகளை வாங்கிச் சோதித்த முடிவை வெளியிட்டார்கள். இயங்கிய 129-இல் முறையாக அழிக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. மற்றவற்றில் மருத்துவ விவரங்களும், சொந்தக் கடிதங்களும், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்களும் கிடைத்தன. அவற்றை விற்றவர்களும் என்னைப் போலவே ‘அழித்துவிட்டோம்’ என்று எண்ணியிருப்பார்கள்.

அழிக்கும்முன் காக்க வேண்டியதைக் காத்தோம். வேண்டிய கோப்புகளை வெளி டிஸ்க் ஒன்றில் பிரதியெடுத்திருந்தேன். “பிரதியை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கய்யா” என்றார் தம்பி. திறந்தேன். மறைந்த என் தகப்பனாரின் குரல்பதிவு திறக்கவில்லை. நான் பிரதியெடுத்தது பதிவை அல்ல, அதைச் சுட்டுகிற ‘ஷார்ட்கட்’டை மட்டுமே. அன்று அவசரப்பட்டிருந்தால் அந்தக் குரலை இனி இப்பூமியில் கேட்டிருக்கமாட்டேன்.

அடுத்து, கணினியை நிறுத்தி, மின்னிணைப்பை எடுத்துவிட்டு, பழைய டிஸ்க்கை மட்டும் கழற்றி, மீண்டும் இயக்கினோம். கணினி எழும்பவில்லை. புதிய இயங்குதளத்தை நிறுவும்போது பழைய டிஸ்க்கைக் கழற்றாமல் விட்டிருந்தோம். அதனால், கணினியைத் தொடக்கிவைக்கும் சிறு நிரல் பழைய டிஸ்க்கின் ஒரு மூலையிலேயே பதிந்துவிட்டது. வீடு புதிதாயிருந்தும் திறவுகோல் பழைய வீட்டில் கிடந்தது. பழையதை அப்படியே அழித்திருந்தால் புதியதும் முடங்கியிருக்கும். அந்த நிரலைப் புதிய டிஸ்க்கில் நிறுவி, பழையது இல்லாமலே ஒரு வாரம் பயன்படுத்திப் பார்த்தோம். குறைவு ஒன்றும் இல்லை.

அதன்பின்பே அழித்தோம். தவறான டிஸ்க்கை அழித்துவிடுவதே இவ்வேலையின் பெரிய ஆபத்து. ஆகையால் புதிய டிஸ்க்கைக் கழற்றி வைத்து, பழையதை மட்டும் இணைத்து, யுஎஸ்பி வழியாகக் கணினியை இயக்கினோம். திரையில் தெரிந்த வரிசை எண்ணையும் டிஸ்க்கின்மேல் ஒட்டியிருந்த எண்ணையும் ஒப்பிட்டோம். பிறகு முதல் இடம் தொடங்கிக் கடைசி இடம்வரை பூஜ்யங்களை எழுதும்படி கட்டளை கொடுத்தார் தம்பி. விண்டோஸ் வைத்திருப்பவர்கள், ‘குயிக் ஃபார்மட்’ என்ற குறியை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் செய்தால் இதே பலன் கிடைக்கும்; விண்டோஸ் விஸ்டா காலம் முதல் அது பூஜ்யங்களை எழுதுகிறது.

ஒருமுறை எழுதினால் போதுமா என்று கேட்டேன். 1996-இல் பீட்டர் கட்மன் என்னும் ஆய்வாளர், அக்காலத்து டிஸ்க்குகளுக்காக 35 முறை எழுதும் முறையொன்றை வகுத்தார். அந்த எண்ணை இன்றும் பலர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். இக்காலத்து ஹார்ட் டிஸ்க்குக்கு முழுமையாக ஒருமுறை எழுதுவதே போதும் என்பது அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனத்தின் வழிகாட்டுதல். எஸ்எஸ்டியின் காரியம் வேறு. அது எழுதும் இடத்தைத் தானே மாற்றிக்கொள்வதால், மேலே எழுதினாலும் சில பகுதிகள் தப்பி நிற்கக்கூடும். அதற்குத் தயாரிப்பாளர் தரும் ‘செக்யூர் இரேஸ்’ கட்டளையைப் பயன்படுத்த வேண்டும்.

ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆயிற்று. முடிந்ததும் டெஸ்ட்டிஸ்க்கை மீண்டும் இயக்கினோம். ஒரு பெயரும் வரவில்லை.

அந்த இரண்டு மணி நேரமும் நான் அந்தத் தாயாரையே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு என்னையும் நினைத்தேன். ‘மன்னித்துவிட்டேன்’ என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! அவற்றுள் எத்தனை அட்டவணையை மட்டும் கிழித்தவை! சந்தித்தால் புன்னகைக்கிறோம், தோத்திரம் சொல்லிக் கைகுலுக்குகிறோம். அடுத்த மனத்தாங்கல் வந்தவுடன் பழைய கோப்புகள் தேதியோடும் பெயரோடும் வரிசையாக எழுந்து வருகின்றன.

பாரிஸ் நகரின் தேசிய நூலகத்தில் ஒரு பழைய தோல் சுவடி இருக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டில் அதில் கிரேக்க வேதாகமத்தை எழுதினார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அந்த எழுத்தைச் சுரண்டிவிட்டு, பரிசுத்த எஃப்ரேமின் போதனைகளை அதன்மேல் எழுதினார்கள். ஆனாலும் 1840-களில் டிஷென்டார்ஃப் என்னும் அறிஞர் அடியிலிருந்த எழுத்தை வாசித்து வெளியிட்டார். அங்கே மறைந்திருந்தது வேதம். மீண்டது நமக்கு நன்மையாயிற்று. நம் உள்ளத்திலோ பெரும்பாலும் கசப்பு அடியில் இருக்கிறது, பிரசங்கம் மேலே இருக்கிறது. மூடுவது வேறு, அழிப்பது வேறு.

ஐம்பத்தோராம் சங்கீதத்தில் தாவீது தன் மீறுதல்களை நீக்கும்படி மன்றாடும் இடத்தில் வருகிற எபிரெய வினைச்சொல்லுக்குத் துடைத்தல் என்று பொருள். பாத்திரத்தைத் துடைத்துக் கவிழ்ப்பதற்கும், எழுதிய மையைத் தண்ணீரில் கழுவிப்போடுவதற்கும் வேதத்தில் அதே சொல் வருகிறது. தாவீது கேட்டது அட்டவணை நீக்கத்தை அல்ல. ஏசாயாவின் வழியாகத் தேவன் வாக்களித்ததும் அதை அல்ல. அவர் துடைக்கிறவர், பிறகு தேடிப் பார்க்கிறவர் அல்லர்.

இந்த வாரம் இரண்டு காரியங்களை உங்களிடம் கேட்கிறேன். உங்கள் வீட்டில் பழைய டிஸ்க் இருந்தால், அதில் மற்றவர்கள் உங்களை நம்பித் தந்தவை இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். முறையாக அழிக்காமல் விற்காதீர்கள், கொடுக்காதீர்கள். நீங்கள் ‘மன்னித்துவிட்டேன்’ என்று சொன்ன ஒருவரின் பெயரையும் நினைத்துப் பாருங்கள். அந்தக் கோப்பைத் திறக்க வேண்டாம். அது இன்னும் அங்கே இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அந்தத் தாயாரிடம் நான் சொன்ன வார்த்தை பல ஆண்டுகள் கழித்து, கடந்த சனிக்கிழமைதான் உண்மையாயிற்று. டிஸ்க் இப்போது அந்தப் பிள்ளையின் கணினியில் இருக்கிறது. தன் இயற்பியல் பாடக் குறிப்புகளை அதில் சேமித்து வருகிறாளாம்.

ஜெபம்: ஆண்டவரே, பிறர் எங்களை நம்பிச் சொன்னதைக் காக்கவும், நாங்கள் மன்னித்ததை மெய்யாகவே மறக்கவும் கிருபை தாரும். ஆமென்.