தொட்ட பிறகு எழுது

எங்களுக்கு முதன்முதலில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தவர் மீன்கார ஆயா. 1985 மே மாதம், கடலூர் ஓ.டி. என்கிற ஓல்டு டவுனில், பெரியக்கா வீட்டுத் திண்ணையில். கூடையை இறக்கிவைத்துவிட்டு, விலை பேச வந்த அம்மாக்களைப் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, ஒரு சங்கராவை எடுத்துப் பெரியக்கா மடியில் விரித்திருந்த வாழையிலையில் வைத்தாள். "செவுளத் தூக்கிப் பாரு. செவப்பா இருந்தா இன்னிக்கு மீனு. காவி கட்டியிருந்தா அது சன்னியாசி, வுட்டுடு." பெரியக்கா விரலை உள்ளே விட்டுச் செவுளைத் தூக்கினாள். சீப்பு மாதிரி இருக்கிறது என்றாள். அதன் பிறகு நாங்கள் பதினோரு பேரும் வரிசையாக விரல் விட்டோம். அன்றைக்கு அந்த மீனை வேறு யாரும் வாங்கவில்லை. அம்மா காசு கொடுத்து எடுத்துக்கொண்டாள், எங்கள் வீட்டில்தான் குழம்பு.

அந்தத் திண்ணை வகுப்பு எங்களுக்காகத் தொடங்கியதல்ல. பெரியக்காவுக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து இரண்டு காலும் சூம்பிப்போயிருந்தன. ஐந்தாம் வகுப்பு வரை கீழ்த்தளம், அவள் அப்பா காலையில் தூக்கிக்கொண்டுபோய் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு வேலைக்குப் போவார். துறைமுகம் ரயில் நிலையத்தில் பாயிண்ட்ஸ்மேன் அவர். ஆறாம் வகுப்பு மாடியில் இருந்தது. வகுப்பைக் கீழே மாற்றுவதைவிட அவளை வீட்டில் வைத்துக்கொள்வது எல்லோருக்கும் நல்லது என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். பள்ளியின் பெயர் இப்போது எதற்கு? அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மாதா கெபிக்கு முன்னால் நின்றபடியே நாலைந்து அம்மாக்கள் பேசி முடித்துவிட்டார்கள். சாமியாரிடம் அப்புறம்தான் சொன்னார்களாம்.

ஆளுக்கொரு நாள். என் அம்மா எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள், தெருவுக்கே சீட்டுப் பிடிப்பவள், ஆகவே கணக்கு. அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் அத்தைக்கு நைட் டியூட்டி இல்லாத நாளில் உடம்பைப் பற்றிய பாடம். ஓய்வு பெற்ற தமிழய்யாவுக்கு என்ன கிழமை என்றே கிடையாது, அவர் தினமும் வந்து உட்கார்ந்துகொள்வார். சனிக்கிழமை உபதேசியார் வந்து ஞானோபதேசம். இரண்டு வருஷம் இப்படியே பெரியக்கா ஒருத்திக்காக ஓடியது. கோடை விடுமுறை வந்தால் எங்களையும் அதில் கொண்டுபோய்த் தள்ளிவிடுவார்கள், பிள்ளைகள் வெயிலில் அலையாமல் இருக்கட்டும் என்று. வீட்டுக்கு வாரம் இரண்டு ரூபாய். வரவு செலவெல்லாம் அம்மாவின் சீட்டு நோட்டின் கடைசிப் பக்கங்களில் இருந்தது. "சாக்பீஸ் 0.75, மீன் (பாடம்) 4.00" என்று அவள் எழுதியிருந்ததைப் பல வருஷம் கழித்துப் பார்த்தேன்.

தொட்ட பிறகுதான் எழுத வேண்டும் என்ற சட்டமும் அம்மாவுடையதுதான். வெளியே போக முடியாத பெண்ணுக்குப் புத்தகத்தில் படம் காட்டி என்ன பிரயோசனம் என்பது அவள் கட்சி. ஆகவே பாடம் என்றால் பொருள் வர வேண்டும். யாருடைய மாமாவோ நெய்வேலியிலிருந்து காகிதத்தில் சுற்றி ஒரு பழுப்பு நிலக்கரிக் கட்டி கொண்டுவந்தார். கரி என்றால் கறுப்பு என்று நினைத்திருந்த எங்களுக்கு, அது மரக்கட்டை போல இருந்தது ஏமாற்றம். பண்ருட்டியிலிருந்து பழத்தோடு முந்திரிக்கொட்டை வந்தது. பழத்தைப் பிழிந்து தின்றுவிட்டு, பச்சைக் கொட்டையை நான் கல்லால் நசுக்கினேன். அதன் தோட்டில் இருக்கிற எண்ணெய் பட்டு மூன்று விரல் கொப்பளித்துப்போனது. நர்ஸ் அத்தை மருந்து தடவியபடியே, "தொடறதுக்கு முன்னாடி கேக்கணும்னு ஒரு சட்டம் போடுங்க அண்ணி" என்றாள் அம்மாவிடம். போடவில்லை.

உபதேசியார் மட்டும் இந்தத் தொடுகிற விவகாரத்தில் சேராதவர். சின்னக் குறிப்பிடம் என்கிற ஞானோபதேசப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அவர் கேள்வி கேட்பார், நாங்கள் ரயில் வேகத்தில் பதில் ஒப்பிப்போம். ஒரு சனிக்கிழமை தோமையார் கதை. மற்ற சீஷர்கள் சொல்லியும் நம்பாமல், ஆணித் தழும்பில் விரலை விட்டுப் பார்த்தால்தான் ஆச்சு என்று நின்ற தோமையார் எங்களுக்கு உடனே பிடித்துப்போனார், எங்கள் கட்சிக்காரர் அல்லவா. பெரியக்காதான் கேட்டாள்: "அப்புறம் தொட்டாரா ஐயா?" தொட்டார் என்றார். பிறகு என்ன தோன்றியதோ, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அருளப்பர் சுவிசேஷத்தின் இருபதாம் அதிகாரத்தைப் புரட்டினார். சேசுநாதர் விரலை நீட்டச் சொல்கிறார். தோமையார் விசுவாசித்துச் சொல்கிற வார்த்தை இருக்கிறது. நடுவில் தொட்டதாக ஒரு வரி இல்லை. உபதேசியார் இரண்டு தரம் படித்துவிட்டு, "எழுதல" என்றார். அன்றைக்கு வகுப்பு சீக்கிரம் முடிந்துவிட்டது.

கோட்டையைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவர முடியாது என்பதால்தான் பயணங்கள் ஆரம்பித்தன. முதல் பயணம் தேவனாம்பட்டினம். இரண்டு சைக்கிள் ரிக்‌ஷா: ஒன்றில் பெரியக்காவும் புளிச்சோற்றுத் தூக்குகளும், இன்னொன்றில் அம்மாக்கள். நாங்கள் பின்னால் ஓட்டமும் நடையும். செயின்ட் டேவிட் கோட்டையில் பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. 1758இல் பிரெஞ்சுக்காரன் லாலி பிடித்து இடித்துத் தள்ளியது போக மிச்சம் கொஞ்சம் சுவர். ஆனால் தமிழய்யாவுக்கு அது போதும். 1690இல் மதராஸ் கவர்னர் எலைஹூ யேல் இந்தக் கோட்டையை மராட்டியர்களிடமிருந்து வாங்கியபோது, எல்லை அளக்கச் சங்கிலி கொண்டுவரவில்லை, பீரங்கி கொண்டுவந்தார்கள். கோட்டையில் நின்று நாலா பக்கமும் சுட்டு, குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதற்கு உட்பட்ட ஊரெல்லாம் கும்பினிக்கு. குண்டு கிராமம் என்ற பேச்சு அப்படி வந்தது. குண்டு உப்பலவாடி என்று நாம் தினம் சொல்கிற பெயரிலும் அந்தக் குண்டுதான் உட்கார்ந்திருக்கிறது என்றார்.

கேட்ட பிறகு சும்மா இருக்க முடியுமா? ஆளுக்கொரு கல்லை எடுத்தோம். பெரியக்கா செங்கல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கவர்னராக இருந்தாள். எறிந்த கல் விழுந்த இடம் யாருக்கு என்று தீர்ப்புச் சொன்னாள். என் கல் மட்டும் ஒரு குடிசையின் கூரையைச் சேர்ந்தது. உள்ளேயிருந்து வந்த பெண்மணி சொன்ன வார்த்தைகளை நோட்டில் எழுத அம்மா அனுமதிக்கவில்லை. அந்த ஊர்க்காரர்கள் 1690இல் என்ன சொல்லியிருப்பார்கள் என்று தமிழய்யா மட்டும் ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தார்.

சிதம்பரம் கிளம்புவதற்குத்தான் சண்டை. வேதக்காரப் பிள்ளைகளைக் கோயிலுக்கா கூட்டிப்போவது என்று தெருக் கோடிப் பாட்டி ஒருத்தி கொடிபிடித்தாள். "நாம கும்பிடவா போறோம், கல்லப் பாக்கத்தான போறோம்" என்று அம்மா. "கல்லப் பாக்க ஆத்துக்குப் போ" என்று பாட்டி. கடைசியில் கோபுர வாசல் வரைக்கும் போகலாம், உள்ளே போகக் கூடாது என்று ஒப்பந்தம் ஆனது. அதுவே எங்களுக்கு யோகமாக முடிந்தது. நாட்டிய சாஸ்திரத்தின் நூற்றெட்டுக் கரணங்களையும் கோபுர வாசலின் இரண்டு பக்கச் சுவர்களிலும்தானே செதுக்கிவைத்திருக்கிறார்கள்! உள்ளே போகிற அவசரத்தில் எல்லோரும் அவற்றைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். உள்ளே போகக் கூடாதவர்களுக்கு வேறு வேலை இல்லை, ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பையன்கள் ஒற்றைக் காலில் நின்று விழுந்தார்கள். கீழ் வரிசைச் சிற்பம் உட்கார்ந்தபடியே எட்டும் உயரத்தில் இருந்தது. மடங்கிய ஒரு முழங்காலைப் பெரியக்கா விரலால் தடவினாள். "இவங்களுக்கும் கால் வளைஞ்சுதான் இருக்கு" என்றாள், சிரித்துக்கொண்டே. அவள் அப்பா மட்டும் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கோணான்குப்பம் போனது வேண்டுதலுக்கு, ஆனால் அதையும் தமிழய்யா பாடமாக்கிவிட்டார். விருத்தாசலத்தில் பஸ் மாறிப் போனோம். வீரமாமுனிவர் எழுப்பிய கோயில், சேலை கட்டிய பெரியநாயகி மாதா. இத்தாலியில் 1680இல் பிறந்த பெஸ்கி சாமியார் இங்கே வந்து தமிழ் எழுத்தையே திருத்தினார் என்று சொன்னால் பிள்ளைகளுக்குப் புரியுமா? தமிழய்யா கோயில் முற்றத்து மணலில் குச்சியால் 'கெட்டான்' என்று எழுதினார். அந்தக் காலத்தில் குறிலுக்குக் கொம்பின் மேல் ஒரு புள்ளி, நெடிலுக்குப் புள்ளி கிடையாது. ஓலையில் புள்ளி குத்தினால் ஓட்டை விழும் என்று பெரும்பாலும் புள்ளியையே விட்டுவிடுவார்கள். அப்போது இந்த ஆள் கெட்டானா, கேட்டானா? படிக்கிறவன் பாடு. முனிவர் கொம்பின் தலையில் இன்னொரு சுழி சுழித்தார், கேட்டவன் பிழைத்தான். நாங்கள் மணலில் விரலால் சுழித்துச் சுழித்துப் பார்த்தோம். சூசையப்பருக்குத் தேம்பாவணியில் அவர் வைத்த பெயர் வளன் என்றும், யோசேப்பு என்ற எபிரேயச் சொல்லுக்குக் கூட்டித் தருதல் என்று பொருள் என்றும் அன்றைக்குக் கேட்டது. பெரியக்காவின் அப்பா பெயரும் சூசைதான். "நமக்கு எதைக் கூட்டிக் குடுத்தாரு?" என்றார் மனிதர்.

பிச்சாவரம் கடைசிப் பயணம். சூசை மாமா வேலைபார்க்கிற தெம்பில் மீட்டர்கேஜ் பாசஞ்சரில் ஒரு முழுப் பெட்டியையே பிடித்துக்கொண்டோம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம். பரங்கிப்பேட்டை வந்ததும் தமிழய்யா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி 1781இல் ஹைதர் அலியும் அயர் கூட்டும் மோதிய இடம் அந்தப் பக்கம் என்றார். நாங்கள் பார்த்தபோது அங்கே ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. வெள்ளாற்றுப் பாலம் தாண்டிக் கிள்ளையில் இறங்கி மாட்டு வண்டி.

படகுக்காரர் பெரியக்காவை ஒரு சொல் கேட்காமல் தூக்கி முன் பலகையில் உட்காரவைத்தார். காட்டுக்குள் தண்ணீர் சந்துசந்தாகப் பிரிந்து போகிறது. இருபுறமும் சுரபுன்னை, சேற்றில் பல கால் ஊன்றி நிற்கிறது. அந்த இரண்டு மணி நேரமும் எங்கள் யாருக்குமே கால் தேவைப்படவில்லை. இதயக்கனி படம் எடுத்த இடம் என்று படகுக்காரர் காட்டியதும் அம்மாக்கள் படகு சாய்கிற அளவுக்கு ஒரு பக்கமாகத் திரும்பினார்கள். வெண்கண்டல் இலையைப் பறித்து நக்கச் சொன்னார். உப்பு! கடல் தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பை இலை வழியாகத் துப்புகிற மரம். சுரபுன்னையின் விதை மரத்தில் தொங்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டு, பிறகுதான் விழுகிறது. சேற்றில் குத்திக்கொண்டால் அங்கேயே மரம். ஒன்றை எடுத்துப் பெரியக்கா கையில் கொடுத்தார். அவள் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

ஒரு திருப்பத்தில் பளபளவென்று இலையோடு வேறொரு மரம். நான் கையை நீட்டியதும் படகுக்காரர் துடுப்பாலேயே என் கையைத் தட்டினார். "தில்லை! பால் தெறிச்சா கண்ணு போயிடும்." சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வந்ததே இந்த மரத்தால்தான் என்றார் தமிழய்யா. ஊரில் பெயர் தங்கிவிட்டது, காடு இங்கே நிற்கிறது. எனக்கு முந்திரிக் கொப்பளம் ஞாபகம் வந்து கையை மடியில் வைத்துக்கொண்டேன். பெரியக்கா படகை இன்னும் கொஞ்சம் கிட்டே விடச் சொன்னாள். ஒரு சாண் தூரத்தில் கையை விரித்து, இலைக்கு நேராகப் பிடித்தாள். அப்படியே ரொம்ப நேரம் வைத்திருந்தாள். பிறகு இறக்கிவிட்டாள்.

திங்கட்கிழமை அம்மா நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தாள். பெரியக்காவின் நோட்டில் வெண்கண்டல், சுரபுன்னைக்குக் கீழே நாலு வரி: "தில்லை. இலை மினுங்கும். பால் உண்டு. தொடவில்லை." சட்டப்படி அது இருக்கக் கூடாத பக்கம். அம்மா சிவப்புப் பேனாவை அதன் மேல் பிடித்தபடி அவளைப் பார்த்தாள்.

"தோமையாருந்தான் தொடலையே சித்தி" என்றாள் பெரியக்கா.

அம்மா என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே சீட்டுப் பணம் கட்ட ஆள் வந்துவிட்டது. எழுந்து போனாள். அந்தப் பக்கத்தில் சரிக்குறியும் இல்லை, அடித்தலும் இல்லை. தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதப் போனபோது பெரியக்கா தூக்கிக்கொண்டுபோன பைக்குள்ளும் அந்த நோட்டு இருந்தது.