கையெழுத்துக்கு முன்னால்

நவம்பர் 28, வெள்ளி

தொடக்கப்பள்ளிகளில் களப்பயணப் பேச்சு கிளம்பும் காலம் இது. அரையாண்டுத் தேர்வு முடிந்து, பொங்கலும் போனபிறகு பிள்ளைகளை ஒரு நாள் வெளியே அழைத்துப்போக வேண்டும் என்றால் எங்கே, எப்படி என்பதை இப்போதே பேசியாக வேண்டும். வழக்கமாக அதைப் பேசி முடிப்பவர்கள் தலைமையாசிரியரும் ஒன்றிரண்டு ஆசிரியர்களும்தான். இடம் முடிவாகும், வேன் பேசப்படும், தலைக்கு இவ்வளவு என்று கணக்கு வரும். பெற்றோருக்கு ஒரு தாள் போவது அதற்கெல்லாம் பிறகு. பிள்ளையை அனுப்பச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டு, பணத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும். துணைக்கு ஆள் போதாது என்றால் நாலைந்து அம்மாக்களைக் கூப்பிடுவார்கள். வரிசை கலையாமல் பார்த்துக்கொள்வது, வேனில் வாந்தி எடுக்கிற பிள்ளையைக் கவனிப்பது, சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுப்பது என்று அவர்களுக்கு அன்று முழுக்க வேலை இருக்கும். பெற்றோர் ஒத்துழைப்பு என்று நாம் சொல்லிக்கொள்வது இவ்வளவுதான். இந்த உதவி அவசியமானது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பெற்றோரால் தரக்கூடியதில் இது சிறு பகுதி. பெரும்பகுதி, பயணத்துக்கு வெகு நாள் முன்பே, இடத்தைத் தேர்ந்தெடுக்கிற கட்டத்திலேயே கிடைக்கக்கூடியது. அதைத்தான் நாம் கேட்டு வாங்காமல் விடுகிறோம்.

கேட்டு வாங்குவதற்கு அமைப்பு இல்லாமல் இல்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்கிறது. அதில் நான்கில் மூன்று பங்குப்பேர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும், குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பதும் சட்டத்திலேயே உள்ளது. அரசுப் பள்ளிகளில் பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பது அந்தக் குழுவின் வேலை. கழிவறை, சுற்றுச்சுவர், குடிநீர்த் தொட்டி என்று தீர்மானம் போடுகிற குழு அது. இந்த ஆண்டு பிள்ளைகள் எதைப் போய்ப் பார்க்கப் போகிறார்கள் என்ற கேள்வி மட்டும் அதன் முன்னால் வைக்கப்படுவதே இல்லை. கட்டடம் பெற்றோர் பொறுப்பு, கல்வி ஆசிரியர் பொறுப்பு என்று யாரும் சொல்லாமலே ஒரு கோடு விழுந்துவிட்டது.

டிசம்பர் 3, புதன்

களப்பயணத்தால் உண்மையிலேயே பலன் உண்டா, ஒரு நாள் பாடம் கெடுவதுதான் மிச்சமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் 2011இல் கிரிஸ்டல் பிரிட்ஜஸ் என்ற ஓவியக்கூடம் திறக்கப்பட்டபோது, பிள்ளைகளை அழைத்துவர அனுமதி கேட்ட பள்ளிகள் அங்கே இருந்த வசதிக்கு மேல் இருந்தன. குலுக்கல் முறையில் சில பள்ளிகளை முதலிலும் சிலவற்றைப் பிறகும் வரச்சொன்னார்கள். அந்தக் குலுக்கலே நல்ல ஆய்வாக அமைந்தது. 123 பள்ளிகள், ஏறத்தாழ 11 ஆயிரம் மாணவர்கள். அரை நாள் போய்வந்த பிள்ளைகள் வாரங்கள் கழிந்த பின்னும் பார்த்ததை நினைவில் வைத்திருந்தார்கள். அதுவரை பார்த்திராத ஓர் ஓவியத்தைக் கொடுத்து எழுதச் சொன்னபோது, போகாத பிள்ளைகளைவிட நுணுக்கமாகக் கவனித்து எழுதினார்கள். கிராமப்புறப் பள்ளிகளிலும் ஏழைப் பிள்ளைகள் மிகுந்த பள்ளிகளிலும் இந்தப் பலன் இன்னும் கூடுதலாக இருந்தது. வீட்டிலிருந்து வெளியே போக வேறு வழியில்லாத பிள்ளைக்குத்தான் பள்ளி அழைத்துப்போவது அதிகம் பயன்படுகிறது. நம் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளுக்கு இதைவிடத் தேவையான செய்தி வேறில்லை.

இன்னொரு ஆய்வு இதைவிடப் பழையது. ஜான் ஃபாக் என்பவரும் அவரோடு இருந்தவர்களும் 1978இல் வெளியிட்டது. முற்றிலும் பழக்கமில்லாத இடத்துக்குப் போகும் பிள்ளைகள் அந்த இடத்தின் புதுமையிலேயே கவனத்தைச் செலவிட்டுவிடுகிறார்கள், சொல்லிக்கொடுக்க நினைத்த பாடம் குறைவாகவே பதிகிறது என்று அவர்கள் கண்டார்கள். ஓரளவு பழகிய சூழலிலிருந்து வந்த பிள்ளைகளுக்குப் பாடம் பதிந்தது. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளை வைத்து யோசித்தால், தூரம் அதிகமாக அதிகமாகக் கல்வி குறைகிறது என்றே இதைப் படிக்கத் தோன்றுகிறது. விடிவதற்குள் கிளம்பி, நாலு இடம் பார்த்து, நள்ளிரவில் திரும்பும் பயணத்தில் பிள்ளைக்கு மிஞ்சுவது ஜன்னலோர இருக்கையும் தின்பண்டமும்தான். ஆகவே போவதற்கு முன் அந்த இடத்தைப் பழக்கப்படுத்த வேண்டும். யாரால் பழக்கப்படுத்த முடியும்? பாடப்புத்தகத்தில் படம் காட்டுவது ஆசிரியரால் முடியும். அந்த இடம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தவர்கள் பல நேரம் பிள்ளையின் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

டிசம்பர் 8, திங்கள்

வேடந்தாங்கலை எடுத்துக்கொள்கிறேன். செங்கல்பட்டு மாவட்டத்துப் பள்ளிகள் அடிக்கடி போகிற இடம். சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள ஏரி. 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. நவம்பர் தொடங்கி ஏரி நிறைந்து, தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், நீர்க்காகம் எல்லாம் கூடு கட்டும். ஜனவரியில் போனால் குஞ்சுகளையும் பார்க்கலாம். வழக்கமான களப்பயணத்தில் என்ன நடக்கும்? பிள்ளைகள் கரைமேல் வரிசையாக நடப்பார்கள், பார்வைக் கோபுரத்தில் ஏறுவார்கள், பெயர்ப்பலகையைப் பார்த்துப் பறவைப் பெயர்களை நோட்டில் எழுதிக்கொள்வார்கள். திரும்பி வந்ததும் கட்டுரை. ஆனால் வேடந்தாங்கலின் கதை பறவைப் பெயர்களில் இல்லை. அந்த ஊர் விவசாயிகள் பல தலைமுறையாகப் பறவைகளைக் காத்து வந்ததில் இருக்கிறது. பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் கழனிக்குப் பாய்ந்தால் பயிருக்கு அதுவே உரம். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, 18ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளிலேயே ஊரார் கலெக்டரிடம் போய்த் தடை வாங்கினார்கள். தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் அது. பறவை, தண்ணீர், நெல் மூன்றும் ஒன்றோடொன்று கட்டுண்டு கிடப்பதுதான் அங்கே பிள்ளைகள் பார்க்க வேண்டியது. அது கோபுரத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாது.

அதைத் தெரிந்தவர் யார் என்றால், அந்தச் சுற்றுவட்டாரத்தில் கழனி வேலை செய்கிற எந்தத் தாயும் தகப்பனும்தான். ஏரிக்கரையில் மதகைக் காட்டி, இரண்டு கல்தூணுக்கு நடுவே இறங்கும் கம்பியைத் தூக்கினால் அடியில் உள்ள அடைப்பு எழும்பி, கரைக்கு அந்தப் பக்கம் வாய்க்காலில் தண்ணீர் பாயும் என்று அவர்களால் பிள்ளைகளுக்கு விளக்க முடியும். கலங்கல் எதற்கு, கடைமடைக் கழனிக்குத் தண்ணீர் ஏன் பிந்தி வருகிறது, யாருக்கு எந்த முறை என்பதும் அவர்களுக்கு அத்துப்படி. நடவு நட்ட வயலில் நத்தைகுத்தி இறங்கி நடப்பதை அவர்கள் ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். அதன் அலகு மூடியிருந்தாலும் நடுவில் இடைவெளி தெரியும், நத்தையைப் பிடித்தால் ஓட்டிலிருந்து சதையை உருவி எடுத்துவிடும் என்று ஒரு தாய் வரப்பில் நின்று சொன்னால், நான்காம் வகுப்புப் பிள்ளை கோபுரத்தில் ஏறியதும் அந்த அலகைத்தான் தேடும். ஆகவே வேடந்தாங்கலுக்குப் போவதற்கு முந்தைய வாரம் சொந்த ஊர் ஏரிக்கு ஒரு நடை. அதை நடத்துபவர்கள் பெற்றோர், உடன் போகிறவர் ஆசிரியர். வேன் வேண்டாம், பணம் வேண்டாம். ஃபாக் சொன்ன பழக்கப்படுத்தல் இதுதான்.

பெற்றோரைக் கேட்டால் அவர்கள் ஏரியையா சொல்வார்கள், கேளிக்கைப் பூங்காவையோ மெரினாவையோதான் சொல்வார்கள் என்ற மறுப்பு வரும். முதல் கூட்டத்தில் அப்படித்தான் சொல்வார்கள் என்று நானும் எதிர்பார்க்கிறேன். அதில் குறை காண எனக்கு மனம் வரவில்லை. தங்களுக்கு வாய்க்காத ஒன்று பிள்ளைக்காவது வாய்க்கட்டும் என்பது நியாயமான ஆசை. ஆனால் அவர்கள் அப்படிச் சொல்வதற்கு ஒரு காரணம் நாம்தான். தங்களுக்குத் தெரிந்த தொழிலும் இடமும் பள்ளி மதிக்கக்கூடியவை என்று இதுவரை யாரும் அவர்களிடம் சொன்னதில்லை. எங்கே போகலாம் என்று கேட்டால் மெரினா வரும். நம் ஊரில் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய வேலை எது, அதை யாரால் காட்ட முடியும் என்று கேட்டால் பால் சொசைட்டி, செங்கல் சூளை, ரைஸ் மில், தறி, சந்தை என்று பட்டியல் வேறாக வரும். கேள்வியை மாற்றுவது ஆசிரியர் கையில்தான் இருக்கிறது.

டிசம்பர் 14, ஞாயிறு

பெற்றோரை முன்னதாகவே சேர்க்க வேண்டும் என்பதற்குப் பாதுகாப்பு இன்னும் வலுவான காரணம். 2007 பிப்ரவரி 20 அன்று கேரளத்தின் தட்டேக்காட்டில் பெரியாற்றில் படகு கவிழ்ந்து, சுற்றுலா போன 15 மாணவர்களும் 3 ஆசிரியர்களும் இறந்தார்கள். படகில் ஏற்றக்கூடியதைவிட அதிகம் பேர் ஏற்றப்பட்டிருந்தார்கள். 2022 அக்டோபர் 5 இரவு, எர்ணாகுளம் பகுதியிலிருந்து ஊட்டிக்கு மாணவர்களை ஏற்றிவந்த தனியார் பேருந்து வடக்கஞ்சேரி அருகே அதிவேகத்தில் அரசுப் பேருந்தின் மேல் மோதியது. 9 பேர் உயிர் போனது. 2024 ஜனவரி 18, வதோதராவின் ஹர்ணி ஏரியில் மீண்டும் படகு. 12 பிள்ளைகளும் 2 ஆசிரியர்களும் இறந்தார்கள். அங்கேயும் அளவுக்கு மேல் ஆட்கள், பலருக்கு உயிர்காப்பு அங்கி தரப்படவில்லை. பதினேழு ஆண்டு இடைவெளியில் அதே தவறு, கிட்டத்தட்ட அதே வடிவத்தில்.

ஆசிரியர்களும் உயிரிழந்திருக்கிறார்கள் என்பதை மறக்காமல்தான் இதைச் சொல்கிறேன்: இவை அக்கறை இல்லாமல் நேர்ந்தவை அல்ல. அந்த இடத்தில், அந்த நிமிடத்தில் வேண்டாம் என்று சொல்ல ஆள் இல்லாமல் போனதால் நேர்ந்தவை. முன்பணம் கொடுத்தாயிற்று, பிள்ளைகள் ஆசையோடு நிற்கிறார்கள், பொழுது சாய்கிறது, படகுக்காரர் ஒரே நடையில் எல்லாரையும் ஏற்றிக்கொள்ளலாம் என்கிறார். அத்தனை அவசரத்தில் ஓர் ஆசிரியரிடம் மறுக்கும் உறுதியை எதிர்பார்ப்பது பெரிய சுமை. அந்த மறுப்பு இருபது நாள் முன்னதாகவே, குழுக் கூட்டத்தில், தீர்மானமாக எழுதப்பட்டிருக்க வேண்டும். படகில் ஏற மாட்டோம். இருட்டிய பிறகு சாலையில் இருக்க மாட்டோம். வண்டியின் தகுதிச் சான்றையும் ஓட்டுநர் உரிமத்தையும் பெற்றோரில் இருவர் நேரில் பார்த்த பிறகே வாடகை பேசப்படும். லாரியோ வேனோ ஓட்டும் தகப்பன் இல்லாத ஊர் ஏது? டயர் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க அவர்களைவிடத் தகுந்தவர் யார்? இப்படி எழுதி வைத்திருந்தால் ஆசிரியர் படகுத்துறையில் தனியாக நிற்க வேண்டியதில்லை. கமிட்டி தீர்மானம், என்னால் மீற முடியாது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம்.

இப்போதைய சம்மதத் தாளில் இவை எதுவும் இருப்பதில்லை. வண்டி எது, எத்தனை மணிக்குத் திரும்பும், நீர்நிலை உண்டா, உடன் போகும் பெரியவர்கள் யார் யார் என்று தெரியாமல் போடும் கையெழுத்து பள்ளிக்கு வேண்டுமானால் பாதுகாப்பு, பிள்ளைக்கு அல்ல. சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். இருவரும் கிளம்பினால்கூட ஆளுக்கு முப்பது பிள்ளைகள். ஆறேழு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், அந்தப் பிள்ளைகளின் பெயர் அவர் கைத்தாளில், ஏறும்போதும் இறங்கும்போதும் பெயர் சொல்லி எண்ணுவது, எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையைத் தனியாக ஒதுக்குப்புறம் அழைத்துப்போகக் கூடாது என்ற கண்டிப்பு. இந்த ஏற்பாடு பெற்றோர் இல்லாமல் நடக்காது.

டிசம்பர் 17, புதன்

இனி மறுப்புகள். சொந்தப் பிள்ளையை மட்டும் கவனிப்பார்கள் என்பது ஒன்று. எந்தப் பெற்றோரும் தன் பிள்ளை இருக்கும் குழுவுக்குப் பொறுப்பாகக் கூடாது என்று வைத்தால் அது தீர்ந்துவிடும். ஆசிரியரின் அதிகாரம் குறையும் என்பது இன்னொன்று. எதைப் பார்ப்பது, யார் காட்டுவது என்பதில் பெற்றோருக்குக் குரல் இருக்கட்டும். பார்த்ததிலிருந்து என்ன படிக்க வேண்டும், எந்தப் பாடத்தோடு இணைக்க வேண்டும் என்பது ஆசிரியர் தீர்மானிப்பதுதான், அதை யாரும் பறிக்கப் போவதில்லை.

கனமான மறுப்பு சாதி பற்றியது. ஊர் முடிவு செய்யட்டும் என்று விட்டால் ஊர்த்தெருவில் இருப்பவர்கள் முடிவு செய்வார்கள். காலனிக்குள் இருக்கும் தொழிலும் திறமையும் பட்டியலுக்கே வராது. அங்கிருந்து வரும் ஒருவரின் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லி அனுப்பப்படும் பிள்ளைகளும் இருப்பார்கள். இந்த ஆபத்து மெய்யானது, இதைச் சிறிதாக்கிப் பேசக் கூடாது. ஆனால் பெற்றோரை ஒதுக்கிவைத்தால் சாதி வெளியே நின்றுவிடுகிறதா? இல்லை, பேசப்படாமல் உள்ளேயே இருக்கிறது. பின்தங்கிய, நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்குக் குழுவில் அவர்கள் விகிதத்துக்கு ஏற்ற இடம் வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. கையுயர்த்தி எண்ணிக்கை பார்த்து முடிவெடுப்பதை விட்டு, ஒவ்வொரு தெருவிலிருந்தும் ஒரு தொழில், ஒரு ஆள் என்று தலைமையாசிரியர் உறுதியாக நின்று பட்டியல் போட வேண்டும். தவிலுக்குத் தோல் கட்டுகிறவர் முன்னால் எல்லாப் பிள்ளைகளும் உட்கார்ந்து கேட்கிற அரைமணி நேரம், சமத்துவம் பற்றிய பாடத்தைவிட மேலானது. சண்டை வந்தால் வரட்டும். பள்ளி அந்தச் சண்டையைத் தவிர்த்துக்கொண்டே எத்தனை காலம் போக முடியும்?

கடைசி மறுப்பு கூலி. வருகிற அம்மாவுக்கு ஒரு நாள் வேலை போகும். நூறு நாள் வேலைக்குப் போகிறவருக்கும் செங்கல் சூளைக்குப் போகிறவருக்கும் அந்த ஒரு நாள் சும்மா விடக்கூடிய நாள் அல்ல. அதனால்தான் வழக்கமாக வேலைக்குப் போகத் தேவையில்லாத வீட்டுப் பெண்கள் மட்டுமே வருகிறார்கள், வராதவர்களுக்கு அக்கறை இல்லை என்று பள்ளி எழுதிவைத்துக்கொள்கிறது. ஏரிக்கரை நடையை மாலையில் வைத்தால் பாதி சிக்கல் தீரும். மீதிப் பாதிக்கு, இழக்கும் கூலியைப் பயணச் செலவிலேயே சேர்க்க வேண்டும் என்பது என் முடிவு. காசு கொடுத்தால் சேவை மனப்பான்மை கெடும் என்பார்கள். 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் மாலைதோறும் தெருப் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததில் அந்த ரூபாயால் எந்தக் குறையும் வந்துவிடவில்லை. ஓட்டுநரின் பேட்டாவை யாரும் சேவைக்கு இழுக்கு என்று சொல்வதில்லை. ஜனவரிக் கூட்டத்தில் வைக்கும் செலவுப் பட்டியலில் வேன் வாடகை, நுழைவுக் கட்டணம், சாப்பாடு என்ற வரிகளுக்குக் கீழே, உடன் வரும் பெற்றோருக்கான கூலி என்றும் ஒரு வரி இருக்க வேண்டும்.