கொடி பைக்குள்ளேயே இருந்தது

கோவாவின் தலைநகர் பணஜியில் மிராமர் என்றொரு கடற்கரை. மாண்டவி ஆறு கடலில் கலக்கும் இடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியும் நேரத்தில் அங்கே தடுப்புக்கு வெளியே நாங்கள் மூன்று பேர் நின்றோம். தடுப்புக்கு உள்ளே எங்கள் தங்கை நின்றாள். கூடப் பிறந்தவள் இல்லை. சென்னையில் நாங்கள் நடத்தும் மாலைப் படிப்பகத்தில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள். பகலில் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை.

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஏன் என்பதைத்தான் எழுத வந்திருக்கிறோம், தோழர்களே.

முதலில் போட்டியைச் சொல்லிவிடுகிறோம். அயர்ன்மேன் 70.3 என்று பெயர். கடலில் 1.9 கிலோமீட்டர் நீந்த வேண்டும். கரையேறி, ஈரம் காயும் முன்னே 90 கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்க வேண்டும். சைக்கிளை நிறுத்திவிட்டு 21.1 கிலோமீட்டர் ஓட வேண்டும். மொத்தம் 113 கிலோமீட்டர். மைல் கணக்கில் அதுதான் 70.3. எட்டரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். நீச்சலுக்கு மட்டும் தனியாக ஒரு மணி பத்து நிமிடம். அதைத் தாண்டினால் சைக்கிளைத் தொடவே விட மாட்டார்கள்.

இதன் மூலப் போட்டி இதைப் போல இரண்டு மடங்கு. 1978இல் ஹவாயில் 15 பேர் தொடங்கி 12 பேர் முடித்தார்கள். கோவாவில் இந்தப் பாதி தூரப் போட்டி 2019இல் வந்தது.

எங்கள் தங்கைக்கு இருபத்து நான்கு வயது வரை நீச்சல் தெரியாது. அவள் ஊரில் படிக்கட்டு வைத்த பெரிய கிணறுகள் நாலைந்து உண்டு. எல்லாம் ஊர்த்தெருக்காரர்களின் வயல்களில் இருந்தன. அங்கே அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு நீந்தப் பழகுவார்கள். காலனிப் பிள்ளைகளுக்குக் கைவிடப்பட்ட கல்குவாரிக் குட்டைதான். அதில் படிக்கட்டு கிடையாது. ஓரத்திலேயே ஆழம். அவளுடைய பெரியப்பா மகன் பதினோரு வயதில் அதில்தான் போனான். அதற்குப் பிறகு அவள் அம்மா அவளைத் தண்ணீர்ப் பக்கமே விட்டதில்லை.

சென்னையில் வேலை கிடைத்து வந்த அடுத்த கோடையில், மாநகராட்சி நடத்தும் மெரினா நீச்சல் குளத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சீட்டு வாங்கி இறங்கினாள். முதல் ஒரு மாதம் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை மட்டும் அடித்தாள். பக்கத்தில் எட்டு வயதுப் பையன்கள் குட்டிக்கரணம் போடுவார்கள். வெட்கமாக இல்லையா என்று கேட்டோம். "தண்ணிக்குள்ள மூஞ்சிய வெச்சிட்டா யாரு பாக்கறாங்கன்னு தெரியாதுண்ணா" என்றாள்.

இரண்டு வருடத்தில் குளம் போதவில்லை. நீலாங்கரையில் மீனவ அண்ணன் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் படகில் துணைக்கு வந்தார். அலை உடையும் முன் அதற்கு அடியில் குனிந்து போக அவர்தான் கற்றுக்கொடுத்தார். பிறகு சைக்கிள். பழைய ரோடு பைக் ஒன்றை நான்கு பேரின் சீட்டுப் பணத்தைப் போட்டு வாங்கினோம். திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போய்த் திரும்பினால் ஏறக்குறைய 90 கிலோமீட்டர் வரும். விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பி, திரும்பி வந்து, குளித்துவிட்டு வேலைக்குப் போவாள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பயிற்சி செய்யும் குழு ஒன்றில் கொஞ்ச நாள் சேர்ந்திருந்தாள். மூன்றாவது வாரமே ஒருவர் ஊரைக் கேட்டார். ஊரைச் சொன்னதும் தெருவைக் கேட்டார். அதற்குப் பிறகு தனியாகத்தான் மிதித்தாள்.

இதற்கு ஆகும் செலவை மறைக்க வேண்டியதில்லை. பதிவுக் கட்டணம் மட்டும் எங்களில் ஒருவரின் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. படிப்பகத்தில் இந்தப் பேச்சு வந்தபோது எங்கள் மூத்த தோழர் ஒருவர் கேட்டார்: "இந்தக் காசுக்கு இருபது பிள்ளைங்களுக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டலாமே? பணக்காரன் விளையாட்டு நமக்கு எதுக்குப்பா?"

நியாயமான கேள்வி. நாங்கள் முந்திக்கொண்டு பதில் சொன்னோம். அந்தப் பதிலைப் பற்றி எங்களுக்கு அன்றைக்குப் பெருமையாக இருந்தது.

நாங்கள் சொன்னது இது. இந்தப் போட்டியில் இருப்பது மூன்றே செயல்கள். மூன்றும் நமக்கு மறுக்கப்பட்டவை. நீச்சல்: ஊர்க் கிணற்றிலும் குளத்திலும் நாம் இறங்கக் கூடாது. 1927 மார்ச் 20 அன்று மகாடில் சவுதார் குளத்துத் தண்ணீரை ஒரு கை அள்ளிக் குடிப்பதற்கே பாபாசாகேப் ஒரு போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. சைக்கிள்: நம் அப்பாக்கள் ஊர்த்தெரு வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். ஓட்டம்: காலில் செருப்புப் போட்டு அந்தத் தெருவில் நடக்க முடியாமல், கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இதெல்லாம் பழங்கதை என்பவர்களுக்கு 2022 டிசம்பரில் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டதை நினைவுபடுத்துவோம். ஆகவே ஒரு தலித் பெண் கடலில் நீந்தி, சைக்கிள் மிதித்து, ஷூ போட்டு ஓடி முடிப்பது விளையாட்டு அல்ல, வரலாறு.

கைதட்டல் கிடைத்தது. மூத்த தோழர் தன் பங்குக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்தார். தங்கை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பிள்ளைகளின் கணக்கு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை என்பதை நாங்கள் கவனிக்கவில்லை.

சைக்கிளைப் பிரித்து அட்டைப் பெட்டியில் கட்டி ரயிலில் கொண்டுபோனோம். எங்கள் பையில் இன்னொன்றும் இருந்தது. ஒரு நீலக் கொடி. கடைசி நூறு மீட்டரில் அதை அவள் கையில் கொடுத்துவிட வேண்டும், கொடியோடு எல்லைக் கோட்டைத் தாண்டும்போது படம் எடுக்க வேண்டும், அன்று இரவே பதிவு போட வேண்டும். தலைப்புகூடத் தயார்.

போட்டிக்கு முந்தைய இரவு அறையில் இதைச் சொன்னோம். அவள் கால் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்.

"வேணாம்ண்ணா."

ஏன் என்று கேட்டோம். பயமா? யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்கள் என்றா?

"பயமெல்லாம் இல்ல. ஏப்ரல் பதினாலு ஊர்வலத்துல நான்தானே முன்னாடி கொடி புடிக்கிறேன்? இது வேற. நாளைக்கு நான் முடிக்கலன்னா யாரு தோத்தாங்கன்னு எழுதுவீங்க? நானா, நம்ம சனமா?"

எங்களிடம் பதில் இல்லை. அதனால் கோபம் வந்தது. எங்களில் ஒருவர் கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டார். சீட்டுப் பணத்தைச் சொல்லிக் காட்டினார். அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. அவள் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

காலையில் யாரும் யாரிடமும் அதிகம் பேசவில்லை. கணுக்காலில் டைமிங் சிப்பைக் கட்டிக்கொண்டு கூட்டத்தோடு தண்ணீருக்குள் போனாள்.

கரையில் நிற்பவனுக்கு நீச்சல் பந்தயத்தில் ஒன்றும் தெரியாது. தொப்பிகள் தெரியும், அவை அலையில் மறையும், மறுபடி தெரியும். எது நம் ஆள் என்று தெரியாது. முப்பது நிமிடத்தில் முதல் ஆட்கள் வந்துவிட்டார்கள். நாற்பத்தைந்து நிமிடத்தில் கூட்டமாக வந்தார்கள். ஐம்பத்தைந்து நிமிடத்துக்குப் பிறகு ஒவ்வொருவராக. அறுபது நிமிடம் ஆனது. அந்த நேரத்தில் எங்களுக்கு மகாடும் நினைவில் இல்லை, வரலாறும் நினைவில் இல்லை. குவாரிக் குட்டையில் போன பையனை மட்டும்தான் நினைத்தோம். அவள் அம்மாவுக்கு நாங்கள் என்ன பதில் சொல்வது என்று நினைத்தோம்.

ஒரு மணி மூன்று நிமிடத்தில் வந்தாள். முழங்கால் தண்ணீரில் எழுந்து நின்று, தடுமாறி, கையூன்றி, மறுபடி எழுந்து ஓடினாள். நாங்கள் கத்தினோம். அவளுக்குக் கேட்டதா தெரியாது.

சைக்கிளில் எல்லாம் ஒழுங்காகவே போனது. முன்னால் போகும் சைக்கிளுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்றை மிச்சம் பிடிக்கக் கூடாது, 12 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது விதி. தனியாகவே மிதித்துப் பழகியவளுக்கு அது ஒரு கஷ்டமாகவே இல்லையாம். 90 கிலோமீட்டரை நாலு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டாள்.

ஓட்டம்தான் அவளை உடைத்தது. உச்சி வெயில். கோவாவின் புழுக்கம் சென்னைக்காரர்களுக்குப் புதிதில்லை, ஆனால் ஐந்து மணி நேரம் உழைத்த உடம்புக்கு அது வேறு வெயில். பாதை சுற்றுச் சுற்றாக வருவதால் எங்களைத் திரும்பத் திரும்பக் கடந்து போனாள். முதல் சுற்றில் ஓடினாள். அடுத்த சுற்றில் நூறு அடி ஓடி நூறு அடி நடந்தாள். தொப்பிக்குள் ஐஸ் கட்டியைப் போட்டுக்கொண்டாள். ஒருமுறை குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்களில் ஒருவர் தண்ணீர் பாட்டிலோடு தடுப்பைத் தாண்டப் போனார். பக்கத்தில் நின்ற தன்னார்வலர் ஒருவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். வெளியாள் எதைக் கொடுத்தாலும் அது வெளி உதவி. போட்டியாளரை நீக்கிவிடக்கூட அதற்கு விதி இருக்கிறது என்றார்.

எதைக் கொடுத்தாலும். கொடியையுமா? கேட்டோம். கையில் எதையும் கொடுக்காதீர்கள் என்றார்.

எட்டு மணி நேரம் தாண்டிவிட்டது. எல்லைக் கோட்டுக்கு முன்னால் கம்பளம் விரித்த இடத்தில் போய் நின்றோம். கொடி பையில் இருந்தது. விதி தெரிந்த பிறகும் எங்களில் ஒருவரின் கை அந்தப் பையின் ஜிப்பின் மேலேயே இருந்தது. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அவள் வந்தாள். எங்களைப் பார்த்தாள். பையையும் பார்த்தாள். தலையை லேசாக ஆட்டினாள், வேண்டாம் என்பதுபோல. பிறகு சிரித்துவிட்டாள். இரண்டு கையும் காலியாக, ஓடியே போய்க் கோட்டைத் தாண்டினாள்.

எட்டு மணி பதினைந்து நிமிடம். இன்னும் பதினைந்து நிமிடம் மிச்சம்.

வெளியே வந்ததும் தரையில் உட்கார்ந்தாள். பணத்தைச் சொல்லிக் காட்டியவர் அவள் ஷூவைக் கழற்றிக் காலைத் தேய்த்துவிட்டார். மன்னிப்பு என்ற வார்த்தை எதுவும் பேசப்படவில்லை. தண்ணீருக்குள் என்ன நினைத்தாய் என்று கேட்டோம். எங்களுக்கு இன்னும் ஒரு வரி வேண்டியிருந்தது. யோசித்துப் பார்த்துச் சொன்னாள்: "ஒண்ணுமே நினைக்கலண்ணா. மிதவை எங்க இருக்குன்னு பாத்தேன். மூச்ச விட்டேன். நல்லா இருந்துச்சு."

திரும்பும் ரயிலில் நாங்கள் சிமோன் மேனுவலைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தோம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சலில் தனிநபர் தங்கம் வென்ற முதல் கறுப்பினப் பெண். கறுப்பர்களை நீச்சல் குளங்களில் இறங்க விடாத நாடு அமெரிக்கா. 1964இல் புளோரிடாவில் ஒரு விடுதிக் குளத்தில் கறுப்பர்களும் வெள்ளையர்களும் சேர்ந்து இறங்கிப் போராடியபோது, விடுதிக்காரர் தண்ணீரில் அமிலத்தை ஊற்றினார். அந்த வரலாற்றின் பிள்ளை தங்கம் வென்றதும் தன் மக்களுக்கு நன்றி சொன்னார். கூடவே, அந்தப் பாரத்தைத் தோளிலிருந்து இறக்கி வைக்கப் போராடியதையும், ‘கறுப்பு நீச்சல்காரி’ என்ற அடைமொழி இல்லாமல் அழைக்கப்படும் ஒரு நாள் வர வேண்டும் என்பதையும் சொன்னார். இதை நாங்கள் முன்பே படித்திருந்தோம். கூட்டங்களில் முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டி வந்தோம்.

தோழர்களே, மூத்த தோழரின் கேள்விக்கு நாங்கள் சொன்ன பதிலில் தகவல் பிழை எதுவும் இல்லை. மூன்றும் மறுக்கப்பட்டவைதான். ஆனால் அந்தப் பதிலைச் சொல்ல வேண்டிய இடத்தில் அவளை நிறுத்தியது எங்கள் பிழை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் விலை உயர்ந்த சைக்கிளில் போகிறவரிடம் யாரும் ‘எதற்காக மிதிக்கிறாய்?’ என்று கேட்பதில்லை. பிடித்திருக்கிறது என்றால் போதும். நம் பிள்ளை மட்டும் நீந்துவதற்கு இரண்டாயிரம் வருடக் காரணம் காட்ட வேண்டும் என்று நாமே விதி வைத்துவிட்டோம்.

குளத்துத் தண்ணீரைக் குடித்தால் ஆயுள் கூடும் என்பதற்காக பாபாசாகேப் மகாடுக்குப் போகவில்லை. மற்றவர்களைப் போல நாமும் மனிதர்கள் என்று நிறுவப் போனார். மற்றவர்கள் தண்ணீரில் என்ன செய்கிறார்கள்? குடிக்கிறார்கள், குளிக்கிறார்கள், சும்மா மல்லாந்து மிதக்கிறார்கள். அந்தச் சும்மா மிதப்பதும் நாம் கேட்ட உரிமையில் அடக்கம்.

கொடி தேவையில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. அடுத்த ஏப்ரல் பதினாலிலும் அவள்தான் முன்னால் பிடிப்பாள். எங்கே பிடிப்பது, எங்கே இறக்கி வைப்பது என்பதைப் பிடிக்கிறவர் முடிவு செய்யட்டும்.

இந்தப் பதிவுக்கு அவளிடம் அனுமதி கேட்டோம். "எழுதுங்க. பேரும் போட்டோவும் வேணாம்" என்றாள். பிறகு ஒரு வேலையும் கொடுத்தாள். படிப்பகத்தில் ஐந்தாம் வகுப்புக்கு மேலே நீச்சல் தெரியாத பிள்ளைகள் எத்தனை பேர் என்று கணக்கெடுக்கச் சொன்னாள். எடுத்தோம். முப்பத்தோரு பேரில் இருபத்தெட்டு. இந்தக் கோடையில் ஞாயிறுதோறும் ஆறு ஆறு பேராகக் குளத்துக்கு அழைத்துப் போகிறோம். மூத்த தோழர்தான் சீட்டுக்குக் காசு தருகிறார்.

உங்கள் படிப்பகத்திலும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பிள்ளைகளிடம் காரணம் எதுவும் சொல்ல வேண்டாம். துண்டு எடுத்து வரச் சொன்னால் போதும்.