நாலடித் தொட்டிக்கு ஒரு ஃபிரேம்

கொளத்தூருக்குக் கலர் மீன் வாங்க வருகிறவர்கள் மீனைப் பார்ப்பார்கள், தொட்டியைப் பார்ப்பார்கள். விவரம் தெரிந்தவர்கள் லைட்டையும் பார்த்து எத்தனை வாட் என்று விசாரிப்பார்கள். அந்த லைட்டைத் தூக்கிப் பிடித்திருக்கும் அலுமினிய ஃபிரேமை யாரும் கவனிப்பதில்லை. மீன்கடைக்காரர் ஒருவர், “அதுக்குன்னே ஒரு மாஸ்டர் இருக்கார் சார், ரெட்டேரி பக்கம் பட்டறை” என்று சொல்லி வழி காட்டியதால்தான் நானும் இந்தக் கட்டுரைக்குள் வந்து சேர்ந்தேன்.

இரண்டு பைக் நிறுத்தும் அளவுக்கு முன்பக்கம், உள்ளே நீளவாக்கில் ஒரு கூடம். சுவரோரம் ஆளுயரத்துக்கு மேல் அலுமினியக் கம்பிகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. மாஸ்டர், அவர் மனைவி, ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்த ஒரு பையன். இவர்கள்தான் மொத்தப் பட்டறையும். ஜன்னல், பார்ட்டிஷன் வேலைகள்தான் சோறு போடுகின்றன. தொட்டி ஃபிரேம் வேலை மாஸ்டர் விரும்பிச் செய்வது.

சென்னையில் இந்த ஃபிரேமுக்குத் தேவை வந்ததற்கு வெயிலும் ஒரு காரணம். முன்பெல்லாம் தொட்டிக்கு மேல் மூடி போட்டு, மூடிக்குள் டியூப்லைட்டை மாட்டுவார்கள். மூடி போட்ட தொட்டியில் சூடு வெளியேறாது. பவளம் வளர்க்கிற கடல்நீர்த் தொட்டியில் தண்ணீர் 28 டிகிரியைத் தாண்டிக்கொண்டே போனால் பிழைப்பது கஷ்டம். அதனால் மேல்பக்கத்தைத் திறந்து விட்டு, ஃபேன் வைத்து, நீர் ஆவியாகிற குளிர்ச்சியில் தொட்டியைக் காப்பாற்றுகிறார்கள். மூடி போன பிறகு லைட் அந்தரத்தில் நிற்க வேண்டும். கூரையிலிருந்து தொங்கவிடலாம், ஆனால் வாடகை வீட்டில் கூரையைத் துளைக்க யார் விடுவார்கள்?

அன்றைக்கு மேசையில் இருந்த வேலை திருவான்மியூர் வீடு ஒன்றுக்கு. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி. நிரப்பினால் ஏறத்தாழ 255 லிட்டர் தண்ணீர். அதன் மேல் இரண்டு எல்.இ.டி. லைட்டும் இரண்டு ஃபேனும் தொங்க வேண்டும். எல்லாம் சேர்த்தால் எட்டு கிலோ வரும் என்றார் மாஸ்டர். “எட்டு கிலோ பெரிய வெயிட் இல்ல சார். ஆனா அது தண்ணிக்கு மேல கரன்டோட தொங்குது. அதான் விஷயம்.”

கம்பி என்று நான் சொன்னது டி-ஸ்லாட் புரொஃபைல். நான்கு பக்கமும் நீளவாக்கில் பள்ளம் ஓடும். பள்ளத்தின் வாய் குறுகலாகவும் உள்ளே அகலமாகவும் இருப்பதால், உள்ளே நட்டை விட்டு வெளியிலிருந்து போல்ட்டை முடுக்கினால் எந்த இடத்திலும் பிடிக்கும். 20-க்கு 20 மில்லிமீட்டர், 20-க்கு 40, 40-க்கு 40 என்று அளவுகள். வெல்டிங் கிடையாது. அதனால் லைட்டை மேலே கீழே நகர்த்தலாம். இது தொட்டி வைத்திருப்பவர்களுக்குப் பெரிய வசதி. புதிதாக வாங்கிய பவளத்துக்கு முதலில் லைட்டை உயரத்தில் வைத்துப் பழக்கி, பிறகு மெல்ல இறக்குவார்கள். செடித் தொட்டியில் பாசி கட்டினால் இரண்டு இன்ச் தூக்கி விடுவார்கள்.

மாஸ்டருக்குச் சொந்த ஊர் மேட்டூர் பக்கம். சேர்வராயன் மலை பாக்சைட்டிலிருந்து அலுமினியம் எடுத்த மால்கோ ஆலையில் அவருடைய அப்பா கான்ட்ராக்டில் வேலை செய்தவர். அங்கே அலுமினியம் எடுப்பது நின்று பல வருடங்களாகிவிட்டன. ஆனால் அந்த உலோகத்தைப் பற்றிய பேச்சைக் கேட்டு வளர்ந்தவர் என்பது அவர் ஒரு கம்பியை எடுக்கிற விதத்திலேயே தெரிகிறது. ஒரு நுனியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, மறு நுனி வரை ஒற்றைக் கண்ணால் நோட்டம் விட்டு, மெல்ல உருட்டுவார். உருட்டும்போது பள்ளத்தின் கோடு எங்காவது அலைந்தால் அந்தக் கம்பி ஓரம் போய்விடும்.

அலைவதற்குக் காரணம் ஆலையில் இருக்கிறது. இந்தக் கம்பிகள் பெரும்பாலும் மக்னீசியமும் சிலிக்கானும் சிறிதளவு சேர்ந்த 6063 கலவை. அலுமினியம் உருக 660 டிகிரி வேண்டும். ஆனால் 450 முதல் 500 டிகிரியிலேயே இளகிக் கொடுக்கும். அந்தப் பக்குவத்தில் உருளைக் கட்டியை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வைத்து எஃகு அச்சின் வழியே தள்ளினால் பள்ளமும் துளையுமாக நீளமாக வெளிவரும். வருகிற சூட்டில் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். இரண்டு முனையையும் பிடித்து இழுத்து நிமிர்த்த வேண்டும். பிறகு 180 டிகிரி அளவில் சில மணி நேரம் அடுப்பில் வைத்தால்தான் உறுதியேறும். இழுத்து நிமிர்த்துவதில் அவசரப்பட்ட கம்பிதான் மாஸ்டரின் கண்ணில் மாட்டுகிறது. ஓரம் போனதை அவர் வீணாக்குவதில்லை. சிறு துண்டுகளுக்கு வெட்டிக்கொள்கிறார். நாலடி குறுக்குச் சட்டத்துக்கு மட்டும் தொடமாட்டார்.

20-க்கு 40 கம்பி ஒன்றை இரண்டு ஸ்டூல்களுக்கு நடுவே படுக்க வைத்து, நடுவில் தண்ணீர் வாளியை மாட்டினார். பக்கத்தில் நூல் கட்டி வைத்திருந்ததால் தொய்வு தெரிந்தது. அதே கம்பியை நிறுத்தி வைத்து, 40 மில்லிமீட்டர் பக்கம் செங்குத்தாக வரும்படி திருப்பி, அதே வாளியை மாட்டினார். நூலுக்கும் கம்பிக்கும் இடையே கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை. எடை கூடவில்லை, காசு கூடவில்லை. திருப்பி வைத்ததில் வளையாத தன்மை மூன்று மடங்குக்கு மேல் கூடுகிறது. நீளத்திலும் இதே கதைதான். இரண்டடியில் தொய்கிற அளவைவிட நாலடியில் எட்டு மடங்கு தொய்யும். அலுமினியத்துக்கு விறைப்பு எஃகில் மூன்றில் ஒரு பங்குதான் என்பதால் கம்பியை எந்தப் பக்கம் நிறுத்துகிறோம் என்பது இங்கே அதிகமாகவே முக்கியம்.

திருவான்மியூர்க்காரர் முதலில் கேட்டது ஒற்றைக் கால் டிசைன். தொட்டியின் ஒரு பக்கம் மட்டும் தூண், அதிலிருந்து நாலடிக்கு ஒரு கை. படத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். மாஸ்டர் போனில் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தார். “ஐயா, ஒரே பக்கம் பிடிச்சா நுனி தொங்கும். கை பட்டா ஆடும். இன்னொரு கால் குடுத்துடறேன், பில்லு கொஞ்சம்தான் ஏறும்.” இரண்டு முனையிலும் தாங்கிய சட்டத்தின் நடுவில் ஒரு எடை எவ்வளவு தொய்வைத் தருமோ, அதே சட்டத்தை ஒரு முனையில் மட்டும் பிடித்து மறுமுனையில் அதே எடையை மாட்டினால் பதினாறு மடங்கு தொய்வு வரும் என்கிறது பாடப்புத்தகம். மாஸ்டர் அந்தச் சூத்திரத்தைப் படித்ததில்லை. ஆடிய ஃபிரேமை மாற்றிக் கொடுக்கப் போன வீடுகள் அவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருக்கின்றன. கடைசியில் இரண்டு தூணுக்குச் சம்மதம் கிடைத்தது.

தூண்களைக் கண்ணாடியில் கவ்வ வைக்கும் வழக்கமும் உண்டு. இந்தப் பட்டறையில் அது கிடையாது. சிலிக்கான் ஒட்டில் நிற்கிற கண்ணாடிக்குத் தண்ணீரின் தள்ளலே போதும், மேலே ஆடுகிற பாரம் எதற்கு? தூண் கீழே இறங்கி, தொட்டி உட்காரும் ஸ்டாண்டோடு ஓரடிக்கு மேல் ஒட்டி நிற்கும். அந்த ஓரடியின் மேல் நுனியில் ஒரு போல்ட், கீழ் நுனியில் ஒரு போல்ட். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டால் எத்தனை முடுக்கினாலும் தூண் ஆடும் என்று மாஸ்டர் மாற்றிப் போட்டே காட்டினார்.

வெட்டு பையனின் பொறுப்பு. இரும்பு வெட்டும் கல் சக்கரம் அலுமினியத்துக்கு ஆகாது, உலோகம் கல்லில் அப்பிக்கொள்ளும். கார்பைடு நுனி வைத்த, நெருக்கமான பல் கொண்ட பிளேடு. வெட்டுவதற்கு முன் மெழுகுக் கட்டியைப் பல்லில் ஒரு தடவு. கண்ணாடி போட்டுக்கொள்கிறான். கையுறையைக் கழற்றி வைக்கிறான், சுற்றுகிற பிளேடு துணியை இழுத்தால் விரலும் சேர்ந்து போகும். வெட்டிய முகத்தில் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கிறான். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் மறுபடியும் ஒரு சீவல். வெட்டு அரை டிகிரி சாய்ந்தால் இரண்டடித் தூணின் உச்சி ஐந்து மில்லிமீட்டர் தள்ளிப் போகும். அதை பிராக்கெட்டால் இழுத்துப் பிடித்து முடுக்கலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். அப்படி இழுத்துப் பிடித்த மூட்டு நாள்பட விட்டுக்கொடுக்கும். பிறகு அரத்தால் பிசிறு எடுத்து, நடுத்துளையில் மரை போட்டு, துண்டை அக்காவிடம், அதாவது மாஸ்டரின் மனைவியிடம், நீட்டுகிறான்.

அந்தப் பட்டறையில் என்னை அதிக நேரம் நிற்க வைத்தது அக்காவின் மேசை. நட்டுகளில் ஒரு வகை உண்டு. பள்ளத்தின் வாய் வழியே நேராக உள்ளே விட்டு, போல்ட்டை முடுக்கும்போது தானாகத் திரும்பிக் குறுக்கே படுத்துப் பிடித்துக்கொள்ளும். திரும்பினால்தான் பிடி. சில நேரம் பாதி திரும்பி நின்றுவிடும். போல்ட் தலையோ நன்றாக முடுக்கியது போலவே கையில் சொல்லும். வெளியிலிருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. அக்கா ஒவ்வொரு போல்ட்டையும் ஆலன் கீயால் பாதி முடுக்கி, பிராக்கெட்டைப் பள்ளத்தின் வாயிலிருந்து வெளியே இழுப்பது போல ஒரு சுண்டு சுண்டுகிறார். பிறகு டார்ச் அடித்துப் பள்ளத்தின் ஓரத்தில் நட்டின் காது தெரிகிறதா என்று குனிந்து பார்க்கிறார். அதற்கப்புறம்தான் முழு முடுக்கு. நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே ஒன்று சுண்டியதும் கையோடு வந்துவிட்டது. “இது லைட்டோட தொட்டிக்குள்ள போயிருக்கும்” என்று மட்டும் சொல்லிவிட்டு அதே நட்டைத் திருப்பிப் போட்டார். குறுக்குச் சட்டத்தைப் பிடிக்கும் மூட்டுகளுக்கு அவர் இந்த வகையை வைப்பதே இல்லை. கம்பியின் முனை வழியாக உள்ளே செருகும் முழு நட்டுதான். பிறகு மாற்ற வேண்டுமென்றால் மூட்டையே பிரிக்க வேண்டியிருக்கும். பரவாயில்லை என்கிறார்.

கடல்நீர்த் தொட்டி என்பதால் உப்பு பூக்கும். திருவான்மியூரில் கடல் காற்றும் சேரும். அலுமினியத்தின் மேல் ஆனடைசிங் பூச்சு இருந்தாலும், வெட்டிய முகத்தில் உலோகம் அப்படியே திறந்து கிடக்கும். அந்த இடத்தில்தான் வெள்ளையாகப் பொரிந்து அரிப்பு தொடங்கும். அதனால் வெட்டு முகத்துக்கு லேக்கர் அடித்து, காய்ந்த பிறகு பிளாஸ்டிக் மூடி. போல்ட்டுகள் எல்லாம் எஸ்.எஸ். துருப்பிடிக்காத எஃகும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அரிபடுவது அலுமினியம்தான். அதற்காக போல்ட் தலைக்கு அடியில் நைலான் வாஷர், மரையில் கொஞ்சம் கிரீஸ்.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஆனடைசிங் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. ஃபிரேமில் எங்காவது எர்த் வயரைச் சும்மா முடுக்கி வைத்தால் எர்த் கொடுத்தது போலத் தோன்றும், கொடுத்ததாக ஆகாது. தூணும் குறுக்குச் சட்டமும்கூட ஒன்றோடொன்று மின்தொடர்பில் இருக்கும் என்று நம்ப முடியாது. மாஸ்டர் ஒரு மறைவான இடத்தில் பூச்சைச் சுரண்டி, வெள்ளி மின்னியதும் பல்வைத்த வாஷரோடு எர்த் வயரை முடுக்கினார். குறுக்குச் சட்டத்துக்கும் இரண்டு தூணுக்கும் தனித்தனியே பச்சை வயர் இழுத்தார். மல்டிமீட்டரின் ஒரு முனையை எர்த் வயரிலும் மறுமுனையைச் சட்டத்தின் அந்தக் கோடியில் சுரண்டிய புள்ளியிலும் வைத்தார். பீப் சத்தம் வந்த பிறகு சுரண்டிய இடத்துக்கும் லேக்கர் பூசினார். வீட்டில் மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று ஆர்டர் எடுக்கும்போதே கேட்டு வைத்திருக்கிறார். இல்லை என்றால் முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள் என்பார். லைட்டின் வயர் பிளக்குக்குப் போகிற வழியில் ஒருமுறை கீழே தொங்கி மேலே ஏற வேண்டும், வயரோடு வழிகிற தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும் என்பதையும் வாடிக்கையாளருக்குச் சொல்லிக் கொடுக்கிறார்.

பில்லைப் பார்த்தேன். புரொஃபைல் மீட்டர் கணக்கில், பிராக்கெட் எண்ணிக்கையில், போல்ட்டும் நட்டும் டஜனில். கடைசியில் ‘ஃபிட்டிங்’ என்று ஒரு வரி. அதில் போட்டிருந்த தொகை மொத்தத்தில் சிறு பங்கு. வாடிக்கையாளர்கள் பொருள் விலையை நெட்டில் பார்த்து வைத்துக்கொண்டு வருகிறார்கள், பேரம் முழுக்க அந்தக் கடைசி வரியில்தான் நடக்கிறது. மூலைமட்டத்தின் இடுக்கில் வெளிச்சம் பார்த்ததும், சுண்டிப் பார்த்த நட்டும், சுரண்டி எடுத்த பூச்சும் அந்த வரிக்குள்தான் இருக்கின்றன. என்னைக் கேட்டால் அதுதான் பில்லின் முதல் வரியாக, பெரிய தொகையாக இருக்க வேண்டும். கம்பியும் போல்ட்டும் யார் வேண்டுமானாலும் வாங்கக் கூடியவை.

நைலான் வாஷர் பாரத்தில் மெல்லப் படிந்து கொடுக்கும். அதனால் மாட்டி ஒரு மாதம் போல ஆனதும் பையன் மறுபடியும் அந்த வீட்டுக்குப் போய் எல்லா போல்ட்டையும் ஒரு சுற்று முடுக்கிவிட்டு, மூலைக்கு மூலை டேப் பிடித்துப் பார்த்துவிட்டு வருகிறான். கொளத்தூரிலிருந்து திருவான்மியூர் நகரத்தின் மறுகோடி. அதற்கு இவர்கள் காசு வாங்குவதில்லை. வாங்கலாமே என்றேன் மாஸ்டரிடம். “தனியா கேட்டா வர வேணாம்பாங்க சார். வரலைன்னா லூசாகும்” என்றார். அக்கா உள்ளேயிருந்தே, “அடுத்த ஆர்டர்லேர்ந்து முதல்லயே சேர்த்துப் போடுங்க, நான் எத்தனை தரம் சொல்றது” என்றார். மாஸ்டர் பில் புத்தகத்தை எடுத்து, பெரம்பூர் மூணடித் தொட்டிக்கான கொட்டேஷனில் ‘ஃபிட்டிங்’ என்பதற்குப் பக்கத்தில் ‘மறு முடுக்கும் சேர்த்து’ என்று எழுதித் தொகையைத் திருத்தினார்.