கருப்பன் வந்தானா, வந்ததா? வீட்டு நாயைப் படம் பிடித்தல் குறித்துச் சில எண்ணங்கள்

(நீளமான பதிவு. பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.)

எலப்புள்ளியில் எங்கள் வீட்டில் கருப்பன் என்றொரு நாட்டு நாய் இருக்கிறான். வயது 11. மூக்கு முதல் வால்நுனி வரை கறுப்பு. மார்பில் மட்டும் கட்டைவிரல் அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. முனைவர் பட்ட ஆய்வின் பொருட்டு ஆண்டில் பத்து மாதங்கள் நான் பல்கலைக்கழக விடுதியில் தங்கியிருப்பதால், அம்மா கைப்பேசியில் அனுப்பும் படங்களின் வழியேதான் அவன் முதுமையடைவதைக் காண்கிறேன். அப்படங்கள் பலவற்றில் தெரிந்தது ஒரு கறுப்புத் திட்டும் அதனுள் எரியும் இரு பச்சை விளக்குகளும் மட்டுமே. கடந்த ஓராண்டாக நானும் அம்மாவும் தொலைபேசியில் பேசிப் பேசி இதைச் சீர்செய்து வருகிறோம். அதில் தெளிந்தவற்றை இங்கே தொகுத்து வைக்கிறேன். நாய் வளர்ப்போருக்குப் பயன்படும். மொழியியல் பயில்வோருக்கும் சிறிது பயன்படக்கூடும்.

முதலில் ஓர் இலக்கணச் செய்தி. தமிழில் ஒரு நாயைப் பற்றிய எந்த வாக்கியமும் திணை குறித்த ஒரு முடிவை எடுத்தே ஆகவேண்டும். 'கருப்பன் வந்தான்' என்பதா, 'கருப்பன் வந்தது' என்பதா? இலக்கணம் நாயை அஃறிணையில் வைக்கிறது. வீட்டாரின் நாவோ அவனை உயர்திணைக்கு ஏற்றிவிடுகிறது. எங்கள் தெருவில் மலையாளம் பேசும் அண்டைவீட்டாருக்கு இந்த நெருக்கடி இல்லை. மலையாள வினைமுற்று திணை, பால், எண், இடம் எதையும் காட்டுவதில்லை. ஆள் வந்தாலும் நாய் வந்தாலும் 'வந்நு' என்ற ஒரே வடிவம் போதும். தமிழ் பேசுபவரோ ஒவ்வொரு வினைமுற்றிலும் தம் உறவை அறிவித்துவிடுகிறார். எங்கள் வீட்டிற்கு வரும் உறவினர் 'நாய் கடிக்குமா?' என்று கேட்பார். அம்மா 'அவன் ஒண்ணும் பண்ணமாட்டான்' என்று விடையிறுப்பார். வினாவுக்கும் விடைக்கும் இடையில் திணை மாறிவிடுகிறது. படம் பிடிப்பதும் இத்தகைய ஒரு வினைமுற்றே என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கே நின்று, எந்த உயரத்திலிருந்து பிடிக்கிறோம் என்பதிலேயே 'அவன்', 'அது' என்ற தேர்வு நிகழ்ந்துவிடுகிறது.

நின்றபடி கீழ்நோக்கி எடுத்த படத்தில் நாய் என்பது ஒரு முதுகு, பெருத்த தலை, சிறுத்த கால்கள். நாயின் கண்மட்டத்திற்கு இறங்கி எடுத்தால் அதே உயிர் ஒரு முகமாக எதிர்ப்படும். அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் எலியட் எர்விட் இதை நன்கறிந்தவர். 1974இல் நியூயார்க்கில் அவர் எடுத்த ஒரு படத்தில் தரையோடு தரையாகக் கேமரா இருக்கிறது. சட்டகத்தின் நடுவே ஒரு பெண்ணின் நீண்ட காலணிகள்; ஒருபுறம் ஒரு பெரிய நாயின் முன்னங்கால்கள் மட்டும்; மறுபுறம் தொப்பி அணிந்த ஒரு குட்டி சிவாவா நாய், முழு உருவத்துடன். மனிதருக்கும் பெரிய நாய்க்கும் முகமே இல்லை. சிறியவனுக்கே முகம் உண்டு. காலணி விளம்பரத்திற்காக எடுக்கப்பட்ட அப்படம் இன்றும் பேசப்படுவதற்குக் காரணம் கேமராவின் உயரமே.

அம்மாவுக்கு மூட்டுவலி, தரையில் அமர இயலாது. ஆகவே கருப்பனை உயர்த்தினோம். உம்மறத்தின் மேற்படியில் அவன் படுத்திருக்கும்போது, அம்மா முற்றத்தில் ஒரு தாழ்வான முக்காலியில் அமர்ந்துகொள்வார். கைப்பேசியை மார்புக்கு நேரே பிடித்தால் அவன் கண்மட்டம் கிடைத்துவிடும். இன்னொன்றையும் கவனித்தோம். கைப்பேசியின் வில்லை அகலக் கோணம் உடையது. மிக அருகில் கொண்டு சென்றால் மூக்கு பெருத்து, காதுகள் பின்னே ஒடுங்கிவிடும். நாலைந்து அடி பின்வாங்கி, இருமடங்கு உருப்பெருக்கத்தில் எடுத்தால் முகம் தன் அளவில் நிற்கும்.

அடுத்தது வெளிச்சம். கறுப்பு நாய் வளர்ப்போரின் பெருந்துயரம் இதுவே. கேமராவின் ஒளிமானி, தன்முன் உள்ள காட்சி சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் என்ற கணிப்பில் இயங்குகிறது. வெள்ளைச் சுவரின்முன் கறுப்பு நாய் நின்றால், சுவரின் வெண்மையைக் குறைக்கும் முயற்சியில் நாயை நிழலாக்கிவிடும். சட்டகம் முழுதும் நாயே நிறைந்திருந்தால், கறுப்பைச் சாம்பலாக வெளுத்துவிடும். இராஜபாளையம் போன்ற வெள்ளை நாய்களுக்குச் சிக்கல் தலைகீழாக வரும்: அவை அழுக்குச் சாம்பலாகும், அல்லது உரோமத்தின் விவரமெல்லாம் வெளுத்து மறையும். இதற்குத் தீர்வு எளிது. திரையில் நாயின் முகத்தைத் தொட்டு, விரலை மேலும் கீழும் நகர்த்தி, உரோமம் இழையிழையாகத் தெரியும் இடத்தில் நிறுத்த வேண்டும். பின்புலம் சற்று வெளுத்தாலும் கேடில்லை.

கறுப்பு உரோமத்தின் வடிவத்தை நமக்குக் காட்டுவது அதன் நிறமன்று, அதன் மினுமினுப்பு. அதனால் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரவேண்டும். பாலக்காட்டுக் கணவாயின் வாயில் இருக்கும் எங்கள் ஊரில் காலை வெயில் கிழக்கிலிருந்து தடையின்றித் தாழ்வாக வரும். மணி ஏழுக்கும் எட்டுக்கும் இடையே கிழக்கு வாசலில் விழும் ஒளிபோல் வேறெதுவும் கருப்பனுக்குப் பொருந்துவதில்லை. வெள்ளையடித்த சுவரை விட்டுப் பழைய மரக்கதவைப் பின்புலமாக்கினோம். அவன் திறந்த வாசலை நோக்கியிருக்கும்போது, வானத்தின் வெளிச்சம் கண்ணில் ஒரு சிறு வெண்புள்ளியாக விழும். கரிய முகத்தில் கரிய கண் எங்கே இருக்கிறது என்பதை அப்புள்ளியே சொல்லும். அது இல்லையேல் கண்ணே இல்லை. மார்ச், ஏப்ரல் மாதங்களில் எங்கள் மாவட்டத்தில் வெப்பம் 40 பாகையைத் தொடும். அப்போது ஒன்பது மணிக்குப் பிறகு நாயை முற்றத்துத் தரையில் நிறுத்திப் படம் எடுப்பது அதன் பாதங்களுக்குச் செய்யும் கொடுமை. படத்தை மறுநாள் எடுத்துக்கொள்ளலாம்.

ஃப்ளாஷை அணைத்துவிட வேண்டும். நாயின் விழித்திரைக்குப் பின்னே ஒளியை எதிரொளிக்கும் ஓர் அடுக்கு உண்டு. மங்கலான வெளிச்சத்தில் நன்கு காண்பதற்கு இயற்கை தந்த ஏற்பாடு அது. அந்தப் பச்சை விளக்குகளை ஏற்றுவதும் அதுவே. வீட்டினுள் ஒளி குறைந்தால் கைப்பேசி ஷட்டரை நெடுநேரம் திறந்து வைக்கும். அசையும் நாய் கலங்கிப் போகும். 250இல் ஒரு பங்கு நொடி அல்லது அதனினும் விரைவு வேண்டுமெனில் பகல் வெளிச்சமே வழி. இரவில் உறங்கும் நாயை மட்டும் எடுக்கலாம்.

இனி, எனக்கு மிக விருப்பமான பகுதிக்கு வருகிறேன். சமூகமொழியியலில் வில்லியம் லபோவ் சுட்டிய ஒரு முரண் உண்டு. மக்கள் தாம் கவனிக்கப்படாதபோது எவ்வாறு பேசுகிறார்கள் என்பதை அறிய விரும்புகிறோம். ஆனால் கவனித்தால்தான் அதை அறிய முடியும். எல்லைப்பகுதித் தமிழைப் பதிவுசெய்யும் களப்பணியில் நான் நாள்தோறும் முட்டிக்கொள்ளும் சுவர் அது. பதிவுக்கருவியை எடுத்து வைத்தவுடன் பாட்டிமார் 'வந்துச்சு' என்பதை விட்டு 'வந்தது' என்று பேசத் தொடங்கிவிடுவார்கள். கருப்பனும் அவ்வாறே. கைப்பேசி எழுந்தவுடன் தலையைத் திருப்பிக்கொள்வான். 'போட்டோன்னாலே மூஞ்சியத் திருப்பிக்கறான்' என்பது அம்மாவின் நெடுநாள் முறையீடு.

அவன் பக்கமிருந்து பார்த்தால் காரணம் விளங்குகிறது. நாய்கள் மனித முகத்தைப் படிப்பதில் வல்லவை. மனிதர் விரல் சுட்டும் திசையைப் பின்பற்றுவதில் சிம்பன்சிகளையும் ஓநாய்களையும் நாய்கள் விஞ்சுவதை பிரையன் ஹேரும் அவருடன் ஆய்ந்தோரும் 2002இல் காட்டினர். நாயின் புருவத்தின் உட்பகுதியை உயர்த்தும் ஒரு தசை ஓநாய்களில் அவ்வாறு வளர்ந்திருக்கவில்லை என்று 2019இல் ஜூலியன் காமின்ஸ்கி குழுவினர் வெளியிட்டனர். நம் முகத்தோடு முகம் பேசுவதற்கென்றே வளர்ந்தது போன்ற ஓர் உயிர் அது. அதனிடம் 'இங்கே பார்' என்று சொல்லிக்கொண்டு, பார்க்க வேண்டிய முகத்தைக் கைப்பேசியால் மறைத்துவிடுகிறோம். சுட்டுச்சொல் இருக்கிறது, சுட்டப்படும் பொருள் இல்லை. முகம் இருந்த இடத்தில் இமைக்காத ஒற்றைக் கண்ணொன்று நெருங்கி வருகிறது. உற்றுப் பார்த்தல் நாய்களிடையே அச்சுறுத்தலாகவும் கொள்ளப்படும். அவன் திரும்பிக்கொள்வது பிடிவாதமன்று, பண்பாடு.

ஆகவே அம்மாவிடம் கைப்பேசியைத் தாடைக்குக் கீழே பிடிக்கச் சொன்னேன். முகம் மறையாததால் கருப்பன் அம்மாவைப் பார்க்கிறான். படத்தில் அது நம்மைப் பார்ப்பதாகவே அமைகிறது. முதல் சில நாட்கள் படம் எடுக்காமலேயே கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு அவனருகே அமர்ந்திருக்குமாறும் வேண்டினேன். களப்பணியில் பதிவுக்கருவியை முதல் நாள் வெறுமனே மேசைமேல் வைத்திருப்பது போலத்தான் இதுவும்.

அவன் மறுப்பதை அறியச் சில குறிகள் உண்டு: உறக்கமின்றிக் கொட்டாவி விடுதல், உணவின்றி நாவால் மூக்கை நக்குதல், கண்ணின் வெண்பகுதி பிறைபோலத் தெரிதல், காதுகளைப் பின்னே மடித்தல். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்று போதும் என்று எழுந்துவிட வேண்டும். இணையத்தில் பலர் விரும்பிப் பகிரும் 'நாணும் நாய்', 'குற்றவுணர்வு கொண்ட நாய்' படங்களில் நான் காண்பது பெரும்பாலும் இக்குறிகளையே. தொப்பியும் கண்ணாடியும் அணிவித்த நாய்களின் முகத்திலும் இவை உண்டு. களப்பணியில் ஒப்புதல் படிவத்தில் கையொப்பம் வாங்குகிறோம். கையொப்பமிட முடியாத ஒருவனின் ஒப்புதலை உடலில் படிக்கவேண்டும்.

படங்களைத் திரட்டியதில் எதிர்பாராத ஒரு பயனும் விளைந்தது. ஞாயிறுதோறும் ஒரே கதவின்முன், ஒரே பக்கவாட்டு நிலையில், கருப்பன் நிற்கும் ஒரு படத்தை அம்மா அனுப்பி வந்தார். நான்கு மாதப் படங்களை வரிசையாக வைத்தபோது, அவனது இடப் பின்னந்தொடை மெல்ல மெலிந்து வருவது தெரிந்தது. தினமும் பார்க்கும் அம்மாவின் கண்ணுக்கு அது புலப்பட்டிருக்கவில்லை. நாள்தோறும் காண்பவருக்கு மாற்றம் ஒளிந்துகொள்ளும். கால்நடை மருத்துவர் அவ்வரிசையைப் பார்த்துவிட்டு இடுப்பு மூட்டைச் சோதித்தார். இப்போது அவனுக்கு மருந்தும், வழுக்காத சாக்குவிரிப்பும், குறைந்த படிகளும் வாய்த்திருக்கின்றன. கண்ணில் படர்ந்த நீலப்புகை போன்ற மங்கலைப் பற்றியும் கேட்டோம். முதிய நாய்களின் கண்வில்லை இறுகுவதால் வரும் இயல்பான மாற்றம் அது என்றும், கண்புரை வேறு என்றும், படத்தை வைத்து நாமே முடிவுசெய்யலாகாது என்றும் அவர் விளக்கினார்.

அழகிய முகப்படங்கள் மட்டும் வைத்திருப்போருக்கு மற்றொரு வேண்டுகோள். எங்கள் பக்கத்தில் வேலத் திருவிழாக் காலத்தில் வெடியோசைக்கு அஞ்சி நாய்கள் ஓடிப்போவதுண்டு. தேடுவதற்குப் பயன்படுவது இருபக்கமும் தெரியும் முழு உருவப் படமும், தனி அடையாளம் தெரியும் படமுமே. கருப்பனுக்கு அது மார்பின் வெள்ளைப் புள்ளி. ஆகவே அதற்கென்றே ஒரு படம் வைத்திருக்கிறோம்.

நாயின் உருவத்தைக் காத்து வைக்கும் விருப்பம் கேமராவோடு பிறந்ததன்று. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், 7ஆம் நூற்றாண்டில், முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில் எழுப்பப்பட்ட ஒரு நடுகல் இருக்கிறது. வீழ்ந்த வீரனோடு அவன் நாயும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. நாய்க்கெனத் தனியே ஒரு குறிப்பும் உண்டு: அதன் பெயர் கோவிவன், கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது. பெயர், செயல், உருவம் என்ற மூன்றும் இருப்பதால்தான், பதின்மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின்னும் கோவிவன் 'ஒரு நாய்' ஆகிவிடாமல் கோவிவனாகவே இருக்கிறான். களப்பணியில் நாள், இடம், பேசுபவர் குறிக்கப்படாத ஒலிப்பதிவு பயனற்றது என்று எங்களுக்குக் கற்பிப்பார்கள். நாயின் படத்திற்கும் அதே விதி. கைப்பேசி பழுதாகும், கணக்கின் கடவுச்சொல் மறக்கும். ஆண்டுக்கு ஒரு படத்தையேனும் தாளில் அச்சிட்டு, பின்புறம் பெயரும் நாளும் இடமும் எழுதி வையுங்கள்.

இறுதியாக, ஆய்வாளன் என்ற முறையில் ஒரு கேள்வி. மலையாளத்தில் 'பட்டி' என்றால் நாய். தமிழில் அது ஆட்டுப்பட்டி, அல்லது ஓர் ஊர்ப்பெயரின் ஈறு. எங்கள் தெருவில் இவ்விரு பொருளும் ஒருங்கே வாழ்கின்றன. நாயை அழைக்க அம்மா 'தோ, தோ' என்கிறார். எந்த அகராதியை நோக்கியும் அவர் அதைக் கற்கவில்லை. விலங்குகளை அழைக்கும் இத்தகைய ஒலிச்சொற்கள் ஊருக்கு ஊர் மாறுபடும். அவற்றைத் தொகுக்க விரும்புகிறேன். உங்கள் வீட்டு நாயின் படத்தைக் கீழே இடுங்கள். கண்மட்டத்தில் எடுத்ததாக இருக்கட்டும். அதன் பெயர், ஊர், அதை அழைக்கும் ஒலி ஆகியவற்றோடு, உங்கள் வீட்டில் அது 'வந்ததா', 'வந்தானா', 'வந்தாளா' என்பதையும் எழுதுங்கள்.