ரயிலை ஊதியவர்

மூச்சை எங்கே வாங்குகிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறேன். பிடிபடவில்லை. சக்கரம் உருள்கிறது, வேகம் பிடிக்கிறது, நடுவே நீளமாக ஒரு கூவல். இருப்பதெல்லாம் ஒரே ஒரு மவுத் ஆர்கன்தான். ஊதினாலும் இழுத்தாலும் அதில் சுரம் உண்டு. இரண்டும் மாறி மாறி வர, அந்த மாறுதலே தண்டவாளத்தின் தாளமாகிவிடுகிறது. 1927இல் பதிவான 'பான் அமெரிக்கன் ப்ளூஸ்'. சின்சினாட்டிக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கும் இடையே ஓடிய ரயிலின் பெயர் அது. ஊதுபவர் டிஃபோர்ட் பெய்லி.

டென்னசியில் 1899இல் பிறந்த கறுப்பினப் பிள்ளை. மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம், மாதக்கணக்கில் படுக்கை. கைக்கு வந்த மவுத் ஆர்கனில் கோழியை, நாயை, தொலைவில் போகும் ரயிலைப் படுத்தபடியே ஊதிப் பார்த்திருக்கிறார். பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒரு ரயில் பாலம். வண்டி வரும்போது அதனடியில் நின்று கண்ணை மூடிக்கொள்வாராம். தலைக்கு மேல் போகிற இரைச்சலைப் பிரித்துப் பிரித்து வாங்கிக்கொண்டு, மிச்ச வழியெல்லாம் ஊதிக்கொண்டே போவார். வளர்ந்த பிறகும் ஆள் ஐந்தடிக்குக் குறைவு.

1927 டிசம்பரில் நாஷ்வில் வானொலியில் சாஸ்திரிய இசை நிகழ்ச்சி முடிந்த கையோடு இவர் ரயிலை ஓட்டினார். அறிவிப்பாளர் ஜார்ஜ் ஹே, கிராண்ட் ஆபரா கேட்டீர்கள், இனிமேல் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்றார். கண்ட்ரி இசையின் தலைமேடைக்கு இன்றைக்கும் அதுதான் பெயர். அடுத்த ஆண்டு அங்கே வேறு எவரையும்விட அதிக முறை வாசித்தவர் பெய்லி. வானொலியில் நிறம் தெரியாது. ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போனபோது தெரிந்தது: உடன் வந்த வெள்ளைக் கலைஞர்கள் தங்கும் விடுதிகளில் இவருக்கு அறை கிடையாது.

1941இல் ஆப்ரியிலிருந்து இவரை நிறுத்திவிட்டார்கள். பாட்டுரிமைக் கட்டணத் தகராறில், இவர் பேர் வாங்கிய மெட்டுகளை வானொலியில் வாசிக்கக் கூடாது என்றாகிவிட்டது. ஹே பிற்பாடு எழுதிய புத்தகத்தில் காரணமே வேறு: சோம்பேறி, புதிதாக எதையும் கற்கவில்லை. பாலத்தடியில் நின்று ஒரு ரயிலையே கற்றுக்கொண்டவரையா? படித்தபோது மனம் கொதித்தது.

அதற்கப்புறம் நாஷ்வில்லில் ஷூ பாலிஷ் கடை. அதில்தான் குடும்பம் ஓடியது. மவுத் ஆர்கனை மட்டும் விடவில்லை. 1974இல் பழைய கலைஞர்களுக்கான ஒரு இரவுக்கு ஆப்ரி கூப்பிட்டது. போய் ஊதிவிட்டு வந்தார். 1982இல் காலமானார். கண்ட்ரி இசையின் புகழ் மண்டபம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2005இல்.

அந்தக் காலத்தில் விற்பனைக்கு வந்த அவருடைய இசைத்தட்டுகளெல்லாம் 1927, 28இல் பதிவானவை. பாட்டுகளை எண்ணினால் ஒரு டஜன்கூடத் தேறாது. பின்னாளில் தேடி வந்த வாய்ப்புகள் பலவற்றுக்கு அவரே மாட்டேன் என்றார். சரியாகத்தான் சொன்னார். பேர் வைக்க மட்டும் அவர் மூச்சு வேண்டியிருந்தவர்களை இன்னொரு முறை ஏன் நம்ப வேண்டும்?